டிவிடெண்ட் அக்காவின் சொந்தப் பணம்

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே ஓடுகிற கம்பெனி பஸ்களில் தினமும் எத்தனையோ ஆயிரம் பேர் போய் வருகிறார்கள். அவர்களில், தான் சொன்னது தப்பு என்று ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று, டிரைவரைப் பாட்டை நிறுத்தச் சொல்லி, தொண்டை கிழியக் கத்தி அறிவித்த ஒரே மனுஷி எங்கள் டிவிடெண்ட் அக்காதான். இதை மறுக்கிறவர் யாராவது இருந்தால், அவர் எங்கள் பஸ்ஸில் வந்தவரே இல்லை.

அக்காவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆதார் அட்டைக்கு வெளியே அது புழங்கியதில்லை. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பிரிவில் அவர் சூப்பர்வைசர். அறுபது தையல் மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடுகிற ஹாலில் வேலை பார்த்துப் பார்த்து, அவருடைய சாதாரணப் பேச்சே அறுபது மெஷினுக்கு மேலே கேட்கிற உயரத்தில் நின்றுவிட்டது. ரகசியம் சொல்ல வேண்டுமானால் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்துவார்.

யாருடைய பெயரும் அக்காவுக்குத் தேவைப்படாது. பிரிவின் பெயர் போதும். ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கிற நான் "ஷிப்பிங்". தோல் வெட்டுகிற செல்வம் அண்ணன் "கட்டிங்". மனிதவள மேனேஜர் ஒரு நாள் வேறு வழியில்லாமல் எங்கள் பஸ்ஸில் ஏறியபோது, "இன்னா எச்.ஆர்., கார் படுத்துக்கிச்சா?" என்று வரவேற்றார். மனிதர் அதற்குப் பிறகு கார் ரிப்பேரானால் லீவு போட்டுவிடுவார்.

அணைக்கட்டுப் பக்கம் அக்காவின் அப்பா நிலத்தை விற்றபோது, அக்கா தன் மூன்று சகோதரர்களோடு சண்டை போட்டுத் தன் பங்காக ஐந்து லட்சம் வாங்கினார். சண்டை நடந்தது அணைக்கட்டில். ஒடுகத்தூரில் கேட்டது என்பார்கள். சகோதரர்கள் நியாயத்துக்குப் பயந்து கொடுத்தார்களா, காதுக்குப் பயந்து கொடுத்தார்களா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. அந்த ஐந்து லட்சத்தை மகள் ஷீபாவின் மேல்படிப்புக்கு என்று சொல்லி, வேலூரில் மியூச்சுவல் ஃபண்ட் ஏஜெண்டாக இருந்த ஓர் இளைஞனிடம் போய் முதலீடு செய்தார். மாதாமாதம் டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்கு, வருகிற திட்டம். மாதம் மூவாயிரம்.

அங்கே ஆரம்பித்தது எங்கள் பஸ்ஸின் பொற்காலம்.

மாதத்தில் ஒரு நாள், பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டும்போது அக்காவின் செல்போன் கூவும். "வந்துட்டான்!" என்பார் அக்கா. ஃபண்டு கம்பெனியை ஓர் ஆளாகவே அவர் பாவித்திருந்தார். "மாசம் தவறாம வர்றான் பாரு. பெத்த புள்ள கூட இப்படி வராது." மறுநாள் காலை ஆற்காட்டு மக்கன் பேடா பெட்டி பஸ்ஸில் ஏறும். டிரைவர் பாஷா பாய்க்கு இரண்டு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. "சாப்புடுங்க, சாப்புடுங்க. நம்ம துட்டா? கம்பெனிக்காரன் துட்டு!"

பேடா நாளன்று எங்கள் பஸ்ஸில் ஆள் குறைந்ததே இல்லை. காய்ச்சலில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். திருமணத்துக்கு என்று ஒரு வாரம் விடுமுறை வாங்கியிருந்த பையன் ஒருவன், பேடாவுக்காக மாலையைக் கழற்றிவிட்டு வந்தான் என்று நான் எழுதினால் மிகையாகிவிடும். மறுநாள் வந்தான்.

பேங்கில் டெபாசிட் போட்டவர்களை அக்கா பரிதாபமாகப் பார்ப்பார். "உன் பேங்குக்காரன் எப்ப மூஞ்சிய காட்டுவான்? வருஷத்துக்கு ஒரு தபாவா? நம்மாளு மாசா மாசம்!" இந்தப் பிரச்சாரத்தில் மயங்கி எங்கள் பஸ்ஸிலிருந்தே மூன்று பேர் அதே திட்டத்தில் சேர்ந்தார்கள். ஆள் சேர்த்துவிட்டதற்காக ஏஜெண்ட் தம்பி அக்காவுக்கு ஒரு பிரஷர் குக்கர் கொடுத்தான். அதையும் பஸ்ஸில் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினார்.

இப்படி இரண்டு வருடம் போனது. அந்தச் சமயத்தில் செல்வம் அண்ணனுக்கு முதுகு போனது. இருபது வருடத்துக்கு மேல் கட்டிங் மெஷின் முன்னால் நின்ற முதுகு. இனி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, வேலையை விட்டுவிடுவதென்று முடிவு செய்தார். செட்டில்மெண்ட் எட்டு லட்சம், கடைசி வேலை நாளில் கைக்கு வருவதாக இருந்தது. மாடி பாதியில் நின்றுபோன ஒரு வீட்டையும் அந்தப் பணத்தையும் தவிர அவருக்கு வேறு ஒன்றுமில்லை.

"கட்டிங், கவலைய வுடு" என்றார் அக்கா. "எட்டையும் நம்மாளுகிட்ட போடு. மாசா மாசம் வந்து குடுத்துட்டுப் போவான்." திங்கட்கிழமை கையெழுத்து என்று ஏற்பாடானது.

அதே வாரம் ஷீபாவுக்கு எம்.எஸ்சி. நர்சிங் சீட்டு கிடைத்தது. ஐந்து லட்சம் முழுதாகத் தேவைப்பட்டது. அக்கா அசரவில்லை. "முதலு அஞ்சும் அப்படியே தூங்குது. எழுப்பி இட்டுனு வர்றதுதானே? ஷிப்பிங், நீயும் வா." சனிக்கிழமை மதியம் ஏஜெண்ட் அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, டை கட்டிய தம்பி.

தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னான். "இன்னைக்கு மதிப்பு நாலு லட்சத்து எழுபதாயிரம் மேடம்."

"அஞ்சு" என்று திருத்தினார் அக்கா.

"நாலு எழுபது மேடம்."

"முப்பது எங்க?"

"அது உங்களுக்கு வந்துடுச்சு மேடம்."

"எனக்கு எங்க வந்துச்சு? எனக்கு வந்தது டிவிடெண்டு. மொத்தம் எழுபத்திரெண்டாயிரம். நான் கேக்குறது என் முதலு."

தம்பி கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொண்டான். "மேடம், ஒவ்வொரு தடவ மூவாயிரம் வெளிய வரும்போதும், உள்ள இருக்கிற உங்க யூனிட்டோட விலை அந்த அளவுக்குக் குறையும். ரெண்டு வருஷத்துல ஃபண்டு உங்களுக்கு சம்பாதிச்சது நாப்பத்திரெண்டாயிரம். உங்களுக்குக் குடுத்தது எழுபத்திரெண்டாயிரம். மீதி முப்பதாயிரம் உங்க முதல்ல இருந்துதான் எடுத்துக் குடுத்திருக்கு."

அக்கா பேசாமல் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த அறையில் கடிகாரம் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப" என்று மெதுவாக ஆரம்பித்தார், "என் துட்டையே எடுத்து எனக்கே குடுத்துட்டு, மேல 'வாழ்த்துகள்'னு மெசேஜ் வேற போட்டியா?" வாக்கியம் முடிவதற்குள் குரல் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து நகை அடகுக் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"மெசேஜ் தானா போறது மேடம். திட்டத்தோட பேர்லயே இருக்கு, வருமானப் பகிர்வு மற்றும் மூலதன எடுப்புன்னு. ஐ.டி.சி.டபிள்யூ."

"அதுல டி இருக்குது, டிவிடெண்டுன்னு நெனச்சேன்! பேர்ல எழுதிட்டா ஆச்சா? வாயால சொல்றதுக்கு உனக்கு இன்னா கேடு?"

அந்தத் தம்பிக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "நான் சொல்லியிருக்கணும், தப்புதான் மேடம். ஆனா நீங்களும் மாசா மாசம் வருமா, வருமான்னுதான் கேட்டீங்க. மொத்தத்துல எவ்ளோ வளரும்னு ஒரு தடவ கூட கேக்கல."

பையன் கதை முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அது கரெக்டு" என்றார் அக்கா.

கண்ணைத் திறந்து பார்த்தேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "சரி, சொல்லு. மாசா மாசம் எடுக்காம உள்ளயே வுட்டிருந்தா?"

"வளர்ச்சித் திட்டம்னு ஒண்ணு இருக்கு மேடம். அதுல இருந்திருந்தா கிட்டத்தட்ட அஞ்சு நாப்பத்திரெண்டு இருந்திருக்கும்."

"பேங்க்ல போட்டிருந்தா?"

தம்பி இருமினான். "இந்த ரெண்டு வருஷத்துக்கு, அத விட கொஞ்சம் ஜாஸ்தியே வந்திருக்கும் மேடம். மார்க்கெட் அப்படி. எல்லா வருஷமும் இப்படி இருக்காது."

"ஆக, கையில வாங்குனதையும் உள்ள இருக்கிறதையும் கூட்டி, அதுல நான் போட்டத கழிச்சா மிஞ்சுறதுதான் லாபம். மத்ததெல்லாம் என் ஒரு பாக்கெட்டுல இருந்து இன்னொரு பாக்கெட்டு."

"அவ்ளோதான் மேடம்."

"இத சொல்ல ரெண்டு வருஷமா உனக்கு?"

திரும்பி வரும்போது கோட்டை வரைக்கும் அக்கா விறுவிறுவென்று நடந்தார். அகழிப் பக்கம் வந்ததும் நின்றார். "ஷீபா ஃபீசுக்கு முப்பது கம்மி, அத நான் பொரட்டிக்குவேன். என்னை நம்பி மூணு பேர் போட்டாங்களே. கட்டிங் திங்கக்கெழம எட்டையும் போடப் போறானே."

"செல்வம் அண்ணனுக்கும் அந்த மூணு பேருக்கும் போன்ல சொல்லிடலாம்கா" என்றேன். "பஸ்ல எல்லார் எதிர்லயும் எதுக்கு? அசிங்கமாப் போய்டும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெருமைய பஸ்ல கத்தித்தானே சொன்னேன்? தப்ப மட்டும் காதுல வந்து சொல்றதுக்கு நான் இன்னா எச்.ஆரா?"

திங்கட்கிழமை காலை. செல்வம் அண்ணன் கடைசி நாள் வேலைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பள்ளிகொண்டா வந்தது. அக்கா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், பாட்ட நிறுத்து!"

பாட்டு நின்றது. பாஷா பாய் ஏதோ விபரீதம் என்று பஸ்ஸையும் ஓரம் கட்டி நிறுத்திவிட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. ரெண்டு வருஷமா டிவிடெண்டு, டிவிடெண்டுன்னு கத்துனேனே, அதுல பாதிக்குக் கொஞ்சம் கம்மி என் முதலு. எனக்கு விவரம் புரியல. புரியாமயே உங்களுக்கு புத்தி சொன்னேன். தப்பு என்னுது. அந்த மூணு பேரும் மத்தியானம் கேண்டீன்ல என்னைப் பாருங்க, உங்க கணக்க உக்காந்து பாப்போம். டேய் கட்டிங், நீ இன்னைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது!"

பின் சீட்டிலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது. "அக்கா, அப்ப நாங்க தின்ன பேடா?"

"ஷீபாவோட காலேஜ் ஃபீஸ். நல்லா செரிச்சுதா?"

முதலில் சிரித்தது பாஷா பாய்தான். "பேஜார் பண்ணிட்டியேம்மா" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அப்புறம் பஸ்ஸே சிரித்தது. அக்காவும் சிரித்தார். செல்வம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அக்காவுக்கு எதிரே நின்று, இரண்டு கையையும் கூப்பினார். "உக்காருடா, முதுகு வலிக்கும்" என்றார் அக்கா.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் லேட். காரணம் கேட்ட மனிதவள மேனேஜரிடம் பாஷா பாய் "டிவிடெண்ட் சார்" என்று சொன்னாராம். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, சம்பளம் பிடிக்கவில்லை.

மறு வாரம் அக்கா செல்வம் அண்ணனோடு அதே ஏஜெண்ட் அலுவலகத்துக்குப் போனார். வேறு ஆளிடம் போகலாமே என்று நான் கேட்டேன். "அவன் இப்பத்தான் உண்மைய சொல்லக் கத்துக்கிட்டான், அத வுட்டுட்டு புதுசா ஒருத்தனுக்கு நான் கத்துக் குடுக்கணுமா?" என்றார். அண்ணனுக்கு மாதச் செலவுக்கு வேண்டிய பணம் பேங்க் டெபாசிட்டுக்குப் போனது. உடனே தேவைப்படாதது மட்டும் வளர்ச்சித் திட்டத்துக்குப் போனது. "மாசா மாசம் வாங்குறது தப்பில்ல கட்டிங். வாங்குறது வெளஞ்சதா, வெதநெல்லான்னு தெரிஞ்சு வாங்கணும்." போன கையோடு பிரஷர் குக்கரையும் ஏஜெண்ட் மேசைமேல் வைத்தார். ஒன்றரை வருடம் உபயோகித்த குக்கர். "கேஸ்கெட் மாத்தியிருக்கேன். உங்க அம்மாகிட்ட குடு."

ஷீபாவின் ஃபீஸில் விழுந்த துண்டைக் கம்பெனியில் பண்டிகை அட்வான்ஸ் வாங்கி அடைத்தார். பஸ்ஸில் யாரோ வசூல் பண்ணலாம் என்று ஆரம்பித்ததும் அக்கா போட்ட சத்தத்தில் பேச்சு அங்கேயே நின்றது. ஆனால் நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அந்த மாதத்திலிருந்து சம்பள நாளுக்கு மறுநாள், முறை வைத்து, ஒருவர் பஸ் முழுவதற்கும் சமோசா வாங்கினார். அக்கா சாப்பிடலாம், காசு கொடுக்க மட்டும் அவருக்கு அனுமதி இல்லை. மெஷின் சத்தத்தை ஜெயித்த அந்தக் குரல், எங்கள் நாற்பது பேரிடமும் இந்த ஒரு விஷயத்தில் தோற்றது.

அதன் பிறகு கையில் எது வந்தாலும் "எதுல இருந்து எடுத்துக் குடுக்கிறான்?" என்று கேட்பது அக்காவின் வழக்கமானது. ஒரு தீபாவளிக்குக் கம்பெனி எல்லோருக்கும் பெரிய ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தது. கைதட்டினோம். அக்கா தட்டவில்லை. நேரே கேண்டீனுக்குப் போனார். நாலு மாதமாகச் சாயங்கால வடை நின்றுபோயிருந்தது. "நம்ம வடையைத்தான் பொட்டியில போட்டுக் குடுத்திருக்கான்!" அடுத்த வாரம் வடை திரும்பி வந்தது. ஸ்வீட் பாக்ஸையும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. எங்கள் பிரிவில் இரண்டு பட்டம் வாங்கியவர்கள் இருந்தோம். அந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று வெட்கப்படுவதை விட, இந்தம்மா எங்க பஸ் என்று மார் தட்டிக்கொள்வதுதான் எங்களுக்கு வசதியாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

ஷீபா இப்போது நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அம்மாவின் குரல் வாய்த்திருப்பதால் மைக் கேட்பதில்லை. செல்வம் அண்ணன் வீட்டு மாடியைக் கட்டி முடித்துவிட்டார். நான் வேலையை விட்டுச் சென்னைக்கு வந்து, இப்படிப் பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறேன்.

போன வாரம் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. மாதாமாதம் நிச்சய வருமானம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். போடலாமா என்று கேட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன். "எவ்ளோ குடுப்பான்னு பாத்தியே, மொத்தம் என்ன ஆகும்னு கேட்டியா? விலைவாசி ஏறுறத விட ஜாஸ்தியா வருமான்னு கேட்டியா? எழுதத் தெரிஞ்சா மட்டும் போதுமா?" என்று ஆரம்பித்து, என் படிப்பு, என் வேலை, என்னைக் கட்டிக்கொண்டவரின் பொறுமை என்று ஒன்று விடாமல் அலசிவிட்டு, மூச்சு வாங்க நிறுத்தினார்.

"சாப்ட்டியா, ஷிப்பிங்?" என்றார்.

அப்போதுதான் வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்திருந்தேன். இன்னும் இல்லைக்கா என்றேன். அதற்காக இன்னும் கொஞ்ச நேரம் திட்டுவார் அல்லவா?