நடு வரிசைக் கத்தரி

மே 6, செவ்வாய். இன்று செய்த தவறு: வரைபடம் போட்டேன். போடும்போது பெட்டிக்கு எந்தப் பக்கம் நின்றேன் என்று குறிக்கவில்லை.

எழுதிவிட்டுப் பேனாவை மூடியதும் அவள் மறுபடி தோட்டத்துக்குப் போனாள். நாற்றுப் பெட்டியின் சுவர்ப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் வந்து நின்று பார்த்தாள். இரண்டு பக்கமும் ஏற்கெனவே நின்ற இடம் மாதிரியே இருந்தன.

வீட்டில் அவளுக்குப் ‘பட்டியல்’ என்று பெயர். பல் தேய்ப்பதற்கும் பட்டியல் போடுவாள் என்று அண்ணன் கேலி செய்வான். போட்டதில்லை, யோசித்ததுண்டு. பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசை. மாலையில் எழுத்துப் பயிற்சி வகுப்பு. தினமும் ஒரு தவறை ஒளிக்காமல் எழுதுங்கள் என்று அங்கே ஆசிரியை சொல்லியிருந்தார். மற்றவர்களுக்குத் தவறு கிடைப்பது சிரமமாக இருந்தது. இவளுக்கு எதை விடுவது என்பதுதான் சிரமம்.

அத்தையும் மாமாவும் வீட்டை அவள் பொறுப்பில் விட்டுவிட்டு, மகளைப் பார்க்க ரயிலேறிப் போயிருந்தார்கள். ஞாயிறு காலை திரும்புவார்கள். மதியமே மாமாவின் உறவுக்காரர்கள் வருவார்கள். நாத்தனாருக்கு மிளகாய் நாற்று, கொழுந்தனுக்குக் கத்தரி நாற்று என்று அத்தை வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கு அத்தையுடையது, விதைத்தது மாமா. பெட்டியில் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு. ஒவ்வொன்றும் இரண்டே இலையோடு, அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம்.

“நான் வரும்போது நாத்து நிக்கணும். எது எதுன்னு கேட்டா டக்குனு சொல்லணும். சொன்னா மாடி ரூம் சாவி உனக்கு” என்று அத்தை போகும்போது சொன்னார்.

அந்த அறைக்கு ஒரு ஜன்னல், ஒரு மேசை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தாழ்ப்பாள். அண்ணன் வீட்டில் பட்டியல் இஸ்திரி மேசையில் உட்கார்ந்து எழுதுவாள். அண்ணனின் இரட்டைக் குழந்தைகள் மேசைக்கடியில் உட்கார்ந்து ஆட்டுவார்கள். அவள் நோட்டில் நேராக நிற்கும் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது.

ஆகவேதான் அதிகக் கவனம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு நாற்றின் பக்கத்திலும் ஒரு மூங்கில் குச்சி குத்தியிருந்தது. வரிசைக்கு ஒன்று போதாதா என்று முதலில் தோன்றியது. அத்தை தன்னைவிடக் கவனமானவர் என்று பிறகு மரியாதையாக நினைத்துக்கொண்டாள். குச்சிகளில் எழுத்து மங்கியிருந்தது. பிடுங்கிக் கழுவி, பெயின்டால் புதிதாக எழுதிக் காயவைத்தாள். முதல் வரிசை தக்காளி, நடு வரிசை கத்தரி, கடைசி வரிசை மிளகாய் என்று வரைபடத்தில் தெளிவாக இருந்தது. எது முதல், எது கடைசி என்பதுதான் இப்போது பெட்டியில் தெளிவாக இல்லை. அது தெரியாமல் குச்சிகளைத் திரும்பக் குத்தவும் முடியவில்லை. நடு வரிசை மட்டும் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நடு வரிசை. அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டாள்.

புதன் காலை நடு வரிசையில் இரண்டு நாற்று படுத்துக் கிடந்தன.

நாற்று விற்கும் கடைக்குப் போய்க் கேட்டாள். கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல், வெயில் தாங்கவில்லை, வைக்கோல் போடு என்றார். மெத்தை மாதிரி போட்டாள். வியாழன் காலை நான்கு போயிருந்தன. வைக்கோல் நடுவில் வட்டமாக ஒரு பள்ளம். ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் குறித்தாள். காற்று இவ்வளவு வட்டமாக அடிக்குமா என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள்.

பக்கத்து வீட்டில் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்தார். யார் வீட்டில் எது புறப்பட்டாலும் அவர்தான் கொடி காட்டுவார். மதில் மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தவர், மண்ணில் சத்து இல்லை, மீன் தூள் போட்டால் நாற்று எழுந்து நிற்கும் என்றார். அவரிடமே ஒரு டப்பா இருந்தது. பட்டியல் தேக்கரண்டியால் அளந்து தூவினாள். அவள் பின்னாலேயே நடந்து, ஒவ்வொரு கரண்டியையும் மேற்பார்வை பார்த்தது மேனேஜர்.

மேனேஜர் என்பது மாமாவின் பூனை. எந்த வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் உட்கார்ந்து பார்ப்பதால் அந்தப் பெயர். அதற்கு வேளாவேளைக்குச் சோறு வைப்பதும் பட்டியலின் பொறுப்பு. அன்று நோட்டில் எழுதினாள்: “மேனேஜர் முன்பைவிட நிம்மதியாகத் தூங்குகிறது. இது ஒன்றாவது என் கவனிப்பில் நன்றாக இருக்கிறது.”

வெள்ளி காலை நடு வரிசையே இல்லை. வாசல் பக்க வரிசையில் இரண்டு சாய்ந்திருந்தன. மண் கிளறப்பட்டு வெளியே சிதறிக் கிடந்தது.

“வெளியில வெச்சா இப்படித்தான். மேல கொண்டுபோயிடலாம், பிடிம்மா” என்றார் கார்டு.

பெட்டியை இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். மாடிப்படி வளைவில் பெட்டி சிக்கிக்கொண்டது. திருப்பி, சாய்த்து, இறக்கி, மறுபடி திருப்பி ஏற்றினார்கள். பூட்டாமல் கிடந்த மாடி அறையில் வைத்த பிறகு, பெட்டி அரைச் சுற்று திரும்பிவிட்டது என்றாள் பட்டியல். ஒன்றரைச் சுற்று என்று கார்டு சாதித்தார். முப்பது வருடம் வண்டி திரும்புவதைப் பார்த்தவரோடு எப்படி வாதாடுவது? இரண்டும் ஒன்றுதான் என்பது அவர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஜன்னலைச் சாத்தி, கதவை வெளியே தாழிட்டுவிட்டு வகுப்புக்குக் கிளம்பினாள்.

திரும்பி வந்து விளக்கைப் போட்டபோது, பெட்டியின் நடுவில், மீன் வாசமடிக்கும் வைக்கோல் மெத்தையில், நான்கு காலையும் நீட்டி மேனேஜர் படுத்திருந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து, தூக்கத்தைக் கெடுக்கிறாயே என்பதுபோல் அவளைப் பார்த்தது. மெத்தை போட்டு, வாசனை தூவி, காற்று படாமல் கதவையும் சாத்திக் கொடுத்தவள் அவள்தானே.

வாசல் பக்க வரிசையாக இருந்ததில் மொத்தம் ஐந்து போயிருந்தன. நடு வரிசை எட்டு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. மிச்சம் பதினொன்று.

சனிக்கிழமை கடையில் எட்டுக் கத்தரி கேட்டாள். அதில் சந்தேகமில்லை. மற்ற ஐந்து தக்காளியா மிளகாயா என்று தெரியாமல் கடை வாசலில் வெகுநேரம் நின்றாள். கடைசியில் மிளகாய் என்று முடிவு செய்தாள். காரணம் எதுவும் இல்லை. கடைக்காரர் கடையைச் சாத்தத் தொடங்கியிருந்தார். நட்டு முடித்து, புதிதாக எழுதிக் காயவைத்த குச்சிகளை ஒவ்வொன்றாகக் குத்தினாள். மேனேஜர் ஒரு முறை வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, அவமானப்பட்ட மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

ஞாயிறு காலை அத்தை வந்தார். கை கழுவக்கூட இல்லை, நேரே மாடிக்கு ஏறினார். மாமா இரண்டு பைகளோடு பின்னால் வந்தார். மாமா ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

“நடு வரிசையும் இந்த அஞ்சும் மட்டும் எப்படி இவ்ளோ உசரம்?” என்று கேட்டார் அத்தை.

இந்தக் கேள்விக்குப் பட்டியல் மூன்று பதில் தயாரித்து, வரிசை எண்ணும் போட்டு வைத்திருந்தாள். முதல் பதில், நல்ல உரம். மூன்றையும் ஒதுக்கினாள். மேசை மேல் கிடந்த நோட்டை எடுத்து, செவ்வாயிலிருந்து ஒவ்வொரு தவறாக வாசித்துவிட்டாள். கேள்விக்குறியைக்கூட விடவில்லை.

அத்தை கட்டிலில் உட்கார்ந்தார். சாவிக்கொத்து மடியில் கிடந்தது. பட்டியல் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். நல்ல ஜன்னல்.

“அப்போ மிளகாய் எதுன்னே உனக்குத் தெரியாது.”

“கடையில வாங்கின அஞ்சு மட்டும் தெரியும், அத்தை.”

“வாங்கினதை விடு. மத்தியானம் நாத்தனார் வந்து நிப்பா. நம்ம பெட்டியில போட்ட மிளகாய் எங்கேன்னு கேட்கிறேன்.”

மாமா பைகளைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

“பொட்டலம் ஒண்ணுதான் இருந்துச்சு. அத்தனையும் தக்காளி. குச்சி போன வருஷத்தது, மேனேஜர் படுக்கக் கூடாதுன்னு குத்தி வெச்சேன்.”

அத்தை கட்டிலிலிருந்து எழுந்தார். பிறகு பெட்டிக்குப் போய், கடையில் வாங்கிய எட்டுக் கத்தரியையும் ஐந்து மிளகாயையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணிவிட்டு, கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார்.

மே 11, ஞாயிறு. இன்று செய்த தவறு: தெரியவில்லை; யோசிக்க வேண்டும். நாளை செய்ய வேண்டியது: மாடி அறையில் சிந்திய மண்ணைக் கூட்ட வேண்டும். இஸ்திரி மேசையைக் குழந்தைகளிடம் ஒப்படைக்க வேண்டும். குச்சி இருபத்து நான்கு சீவ வேண்டும். கூராக. எழுத வேண்டாம்.