பதினோராம் இடம் பிடித்த மெத்தை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். உன் அக்கா சௌக்கியமா என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன், ஆகவே அதை முதல் வரியிலேயே முடித்துவிட முடியவில்லை. அங்கே நீயும் தங்கச்சியும் குழந்தையும் நன்றாக இருப்பீர்கள் என்று நானாகவே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று நீ எனக்குப் பரிசாகக் கட்டிக்கொடுத்த பத்திரிகைச் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது என்றும், அது உபயோகமாக இருக்கிறதா, நிறுத்திவிடலாமா என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றும் கேட்டிருந்தாய். ஒரு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். "நிறுத்திவிடு" என்று எழுதியும்விட்டேன். ஆனால் முப்பத்தொரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான். ஒரு தராசு தப்பு என்றால் எத்தனை கிராம் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் எந்தக் கடையை விட்டும் இறங்கியதில்லை. எந்தப் பொருளை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் மார்க் போடுகிற பத்திரிகையைக் காரணம் காட்டாமல் தள்ளுவது எனக்கு ஒப்பவில்லை. அதனால் அந்த ஒரு வரியைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் அதன் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் இதழ் வந்த அன்று எனக்கு ஆபீஸிலிருந்தே ஆள் வந்தது போல இருந்தது. டார்ச் விளக்கை இரண்டாம் மாடியிலிருந்து போட்டுப் பார்த்திருந்தார்கள், குடையைப் பெரிய மின்விசிறிக்கு முன்னால் விரித்து எத்தனை நிமிஷத்தில் புரட்டிக்கொள்கிறது என்று கணக்கெடுத்திருந்தார்கள், உலகத்தில் இன்னும் இப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய் உன் அக்காவுக்கு இரண்டு பக்கம் வாசித்தும் காட்டினேன். அந்த நெகிழ்ச்சியிலேயே போய், அவர்கள் முதல் இடம் கொடுத்த ஃபிளாஸ்க் ஒன்றை வாங்கினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது என்று பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள். உண்மை. சிந்தவில்லை. ஊற்றினாலும் வரவில்லை. மூடி அப்படி இறுகிவிட்டது. மாடி வீட்டுத் தையற்காரர் குறடு கொண்டுவந்து திறக்கும்போது மறுநாள் காலை ஆகியிருந்தது, டீ அப்போதும் சூடாகவே இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த ஃபிளாஸ்க்கின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அடுத்ததாகத்தான் மெத்தை. ஐந்து மாதத்துக்கு முன்னால் உன் அக்கா குளியலறைப் படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். உனக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள், எழுதினால் அடுத்த பஸ்ஸிலேயே நீ வந்து நிற்பாய் என்று பயம். எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான், ஆனால் மெத்தையை மாற்றுங்கள் என்றார் டாக்டர். எங்கள் மெத்தை உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்து மெத்தை, நடுவில் பள்ளம். யார் எந்த ஓரத்தில் படுத்தாலும் நடுவில்தான் வந்து சேர வேண்டும், சண்டை போட்ட நாளில்கூடத் தள்ளிப் படுக்க வழி கிடையாது. கடைக்குப் போய் ஒன்றை வாங்கிவந்தால் என்ன என்று உன் அக்கா கேட்டாள். அடுத்த மாதம் நம் பத்திரிகையில் மெத்தைச் சிறப்பிதழ் வருகிறது, பதினெட்டு நாள் பொறுத்துக்கொள் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, முதுகு மெத்தையில் சேரவில்லை என்று சொல்லி, கூடத்துச் சாய்வு நாற்காலியில் தலையணையைப் போட்டுக்கொண்டாள்.

சிறப்பிதழ் வந்தது. பதினாலு மெத்தைகள். ஒவ்வொன்றின் மேலும் நூற்று நாற்பது கிலோ உருளையை முப்பதாயிரம் தடவை உருட்டியிருந்தார்கள். முப்பதாயிரம் என்றதும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, எங்கள் ஆபீஸில் ஒரு எடைக்கல்லை மூன்று தடவை வைத்துப் பார்ப்பதோடு சரி. நல்ல முதுகுக்குக் கெட்டியான மெத்தையே சிறந்தது என்று சொல்லி ஒன்றுக்கு முதல் இடம் கொடுத்திருந்தார்கள். உடனே வாங்கியிருப்பேன். ஆனால் தையற்காரர் தன் போனில் வேறொரு வழிகாட்டியைக் காட்டினார், அதில் மெத்தென்று இருப்பதே முதுகுக்கு நல்லது என்றும் நம் பத்திரிகையின் முதலாமவரான மெத்தை கடைசி என்றும் இருந்தது. இன்னொன்றில் அவர் பெயரே இல்லை. கொஞ்சம் கீழே இறங்கிப் பார்த்தால், அவர்கள் பிரமாதம் என்று சொன்ன ஒவ்வொரு மெத்தைக்கும் அடியில் "வாங்க இங்கே அழுத்தவும்" என்று ஒரு பொத்தான். தராசு சோதிக்கப் போனவன் கடைக்காரரிடமே பங்கு வாங்கினால் அதற்கு எங்கள் ஆபீஸில் வேறு பெயர். ஆகவே போன் வழிகாட்டிகளை எல்லாம் தள்ளிவிட்டேன். நம் பத்திரிகைக்குப் பொத்தான் கிடையாது என்பதில் எனக்குப் பெருமைகூட வந்தது.

இருந்தாலும் படுத்துப் பார்த்தவர்கள் யார் என்று தெரியாமல் எப்படி நம்புவது? உன் அக்காவின் எடை, உயரம், தோள் அகலம், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள் என்பது வரை ஒரு நோட்டில் குறித்து (எடை மெஷினில் ஏற மாட்டேன் என்றவளை ஏற்றுவதற்கே இரண்டு நாள் ஆயிற்று), உங்கள் சோதனையாளர்களின் விவரம் என்ன என்று பத்திரிகைக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் போட்டார்கள். மூன்று பேர், வயது இருபத்தாறு, இருபத்தொன்பது, முப்பத்தொன்று. அந்த வயசில் நான் எடைப்பெட்டி மேலேயே தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன். ஆனாலும் முப்பதாயிரம் தடவை உருட்டியவர்களை ஒரு வயசுக் கணக்குக்காகச் சந்தேகப்பட மனம் வரவில்லை, முதலாமவரையே வரவழைத்தேன்.

அது தூண் மாதிரி சுருட்டிக் கட்டி வந்து இறங்கியது. அகலமான அறையில் வைத்துப் பிரிக்கவும் என்று பத்திரிகையிலும் இருந்தது, உறையிலும் இருந்தது. நான் பிரிக்கவில்லை மச்சான். படுக்கை அறைக்குள் இழுத்துக்கொண்டு போகும்போது, வாசற்படியிலேயே, உறைக்குள் இருக்கும் சீட்டில் தயாரிப்புத் தேதி சரிதானா என்று பார்க்க ஒரு சின்னக் கீறல்தான் போட்டேன். புஸ் என்று ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான், வாசலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஊதி நின்றுகொண்டது. நான் உள்பக்கம். காலை பத்து மணிக்கு உள்ளே மாட்டியவன் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் வெளியே வந்தேன். தையற்காரர் ஓடி வந்தார், வந்தவர் முதலில் டேப்பை எடுத்து அளந்தார், அவருக்கு அது பழக்கம். உன் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டே வெளிப்பக்கம் சுற்றிவந்து ஜன்னல் வழியாக ரொட்டியும் டீயும் நீட்டினாள். இப்படிப்பட்ட நேரத்துக்கு ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று நான் உள்ளே உட்கார்ந்து பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வெளிய வந்தப்புறம் எத்தன பக்கம் வேணும்னாலும் படிங்க. இப்ப அந்தப் புத்தகத்தக் கீழ வச்சுட்டுத் தள்ளுங்க."

இவ்வளவுக்கும் பிறகு உன் அக்கா அதில் ஒரே ஒரு தடவை படுத்தாள். எழுந்து, தரை இதைவிடப் பரவாயில்லை, தரைக்குக் குளிர்ச்சியாவது இருக்கிறது என்றாள். எனக்குக் கவலையே இல்லை, ஏனென்றால் "திருப்பித் தரும் வசதி" என்ற கட்டத்தில் அந்த மெத்தைக்கு ஒன்பது மார்க். கம்பெனிக்காரர் போனில் மிக அன்பாகப் பேசினார். தாராளமாகத் திருப்பி எடுத்துக்கொள்வோம் சார், வந்தது போலவே சுருட்டிக் கட்டித் தாருங்கள் என்றார். நானும் தையற்காரரும் அவர் சம்சாரமும் வரிசையாக அதன்மேல் உட்கார்ந்து உருண்டோம். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்தது. கடைசியில் அவர் கித்தான் துணியில் பெரிய உறை ஒன்று தைத்து, சட்டைக்குக் காஜா எடுப்பது போல ஓரமெல்லாம் ஓட்டை எடுத்து, கயிறு கோத்து இழுத்து இழுத்து அதைத் தூணாக்கினார். வசதிக்கு ஒன்பது மார்க் எப்படிப் போட்டீர்கள் என்று பத்திரிகைக்கு மறுபடியும் எழுதினேன். கம்பெனியைத் தொலைபேசியில் கேட்டோம், வசதி இருக்கிறது என்றார்கள் என்று பதில் வந்தது. கடைக்காரரையே கேட்டு முத்திரை குத்துவதாக இருந்தால் நான் முப்பத்தொரு வருஷம் வெயிலில் அலைந்திருக்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகு எனக்கு எதைக் கண்டாலும் சந்தேகமாகிவிட்டது. பழைய மெத்தை மறுபடி கட்டிலுக்கு வந்தது. நோட்டு இரண்டாகி மூன்றாயிற்று. வாரங்கள் போய்க்கொண்டே இருந்தன, உன் அக்கா நாற்காலியிலேயே இருந்தாள், நான் தினமும் காலையில் எழுந்து கூடத்துக்கு வந்து அவள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், மூன்று நோட்டு எழுதியும் இவளுக்கு ஒரு படுக்கை போட்டுத்தர முடியவில்லையே என்று மனசு கனத்துப்போகும். போன மாதம் ஒரு மத்தியானம் அவளே புடவை மாற்றிக்கொண்டு வந்து, கிளம்புங்க, கடைக்குப் போகலாம் என்றாள். நான் நோட்டுகளையும், மட்டம் பார்க்கிற ரசமட்டத்தையும், ஐந்து கிலோ எடைக்கல்லையும் பையில் எடுத்துக்கொண்டேன். எடைக்கல்லை அவள் வெளியே எடுத்து வைத்தாள்.

கடையில் ஒரு விற்பனைப் பெண். நான் நோட்டைப் பிரிக்கிறதைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் படுத்துப் பாருங்கள் என்று சொல்லி நகர்ந்துவிட்டாள். நாலு பேர் நடமாடுகிற இடத்தில் எப்படிப் படுப்பது என்று நான் நின்றேன். உன் அக்கா படுத்துவிட்டாள். நானும் படுத்தேன். பள்ளம் இல்லாததால் எங்களுக்கு நடுவில் ஒரு முழம் இடைவெளி, அது வேறு புதுசாக இருந்தது. மேலே விலைச்சீட்டு தொங்குகிற மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"ஆபீஸ் ஞாபகம் வருதா உங்களுக்கு?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வருது," என்றேன். "தினம் எட்டே முக்காலுக்குக் கை தானா சட்டைப் பைக்குப் போகுது, எடைப்பெட்டிச் சாவிக்கு. சாவியத்தான் ஒப்படைச்சாச்சே."

அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள். "இதச் சொல்ல உங்களுக்கு ஒரு வருஷமா?"

"நீ கேக்கலையே."

"எத்தன தடவ கேட்டேன். கேட்டா மெத்தையப் பத்திப் பேசறீங்க."

அவள் கையை நீட்டி அந்த ஒரு முழத்தைத் தாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ கல்யாணத்தன்று எங்கள் நடுவில் புகுந்து உட்கார்ந்த எட்டு வயசுப் பையன், உன்னிடம் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் விவரம் முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அப்படியே இரண்டு பேரும் தூங்கிப்போனோம். விழித்துப் பார்த்தால் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. எங்களைச் சுற்றித் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது, கால்மாட்டில் "விற்பனையாகிவிட்டது" என்று ஒரு அட்டை. நாங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லையே என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "குறட்டை விட்டவங்க வாங்காமப் போனதில்ல சார்," என்றாள்.

வீட்டுக்கு வந்து பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் வாங்கியது பதினாலில் பதினோராம் இடம். "குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை" என்று ஒரே வரி. அந்த ஒன்றுமில்லாத மெத்தையில் உன் அக்கா மூன்று வாரமாக நிம்மதியாகத் தூங்குகிறாள், வலி முதல் நாளே போய்விட்டது.

ஆகவே என் தீர்ப்பு. அவர்கள் பொய் சொல்லவில்லை. உருட்டியது உருட்டியதுதான், மார்க் மார்க்தான். டார்ச்சுக்கும் குடைக்கும் அவர்களை நம்பலாம். ஆனால் கடையில் படுத்துத் தூங்கிப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு என்னை நாலு மாதம் நோட்டு எழுத வைத்தார்கள், அந்த நாலு மாதமும் உன் அக்கா நாற்காலியில் அவதிப்பட்டாள். அதை எந்தக் கட்டத்தில் போட்டு மார்க் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சந்தாவை நிறுத்திவிடு. நீ ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்கிறேனே என்று மனசில் வைத்துக்கொள்ளாதே.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. குழந்தைக்கு என் சார்பில் ஒரு முத்தம் கூடுதலாகக் கொடு. நீங்கள் மூவரும் நோய் நொடியின்றி, நல்ல தூக்கத்தோடு நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். தபால்ல போடச் சொல்லிக் கொடுத்தார், பிரிச்சுப் படிச்சுட்டேன். எனக்கு முதுகுவலி ரெண்டாவது வாரமே போயிடுச்சுடா. வேலைய விட்டு வந்த புதுசுல அவர் ஒரு ரூமுக்கும் இன்னொரு ரூமுக்குமா நடந்துட்டே இருந்தத நீ பாக்கல. மெத்தைன்னு ஆரம்பிச்சப்புறம்தான் காலைல ஷேவ் பண்ணிட்டு, பேனாவுக்கு மை நிரப்பிட்டு மேஜைல உக்காந்தார். அந்த நேரத்துல எனக்கு சரியாயிடுச்சுன்னு எப்படிச் சொல்றது? நாற்காலியில நான் தூங்கினதே இல்ல. அவர் கண் அசந்ததும் உள்ள போய்ப் பழைய மெத்தையிலயே அவர் பக்கத்துல படுத்துக்குவேன் (இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது), அவர் எழுந்திருக்கறதுக்குள்ள வந்து உக்காந்துக்குவேன். மூணாவது நோட்டுல அவர் முகம் வாடுனதப் பாத்துட்டுதான் நானே கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். நீ சந்தாவ ரெண்டு வருஷத்துக்குக் கட்டிடு. அடுத்த மாசம் துணி துவைக்கிற மெஷின் சிறப்பிதழாம். நம்ம வீட்டு மெஷின் நல்லாத்தான் ஓடுது. என்னமோ ஒரு சத்தம் வருதுன்னு நேத்துச் சொல்லி வச்சேன். காலைலேருந்து அதுமேல காத வச்சுக் கேட்டுட்டிருக்கார், புது நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்தாச்சு.