சிலமலைப் பெண்கள் கபடிக் குழுவின் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்து நான் விலகுவது குறித்து

அன்பு மாப்பிள்ளை ராம்பிரசாத்துக்கு, சிலமலையிலிருந்து உன் மாமா திருப்பதி ஆசியுடன் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா சுந்தரம்மாளும் உடம்பளவில் சௌக்கியம். மனசு சௌக்கியமா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். கோயம்புத்தூரில் நீயும் பிள்ளைகளும் நலம்தானே?

நீ பாட்டுக்கு ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் கபடிக் குழு ஆரம்பித்து வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய். ஏறும்போது, "மாமா, முப்பத்தொரு வருசம் கண்டக்டரா இருந்தவரு நீங்க. பிள்ளைகளைப் பத்திரமாப் பாத்துக்கிற சோலிக்கு உங்களை விட்டா ஆளு ஏது?" என்று நாலு பக்க விதித்தாளை என் சட்டைப்பையில் திணித்தாய். எந்தப் பெரியவரும் பிள்ளைகளோடு தனியாக இருக்கக்கூடாது, எப்போதும் இருவர் வேண்டும் என்பது முதல் விதி. நல்ல விதிதான், ஆனால் அந்த இரண்டாவது ஆளாக நான் உன் அக்காவைப் போட்டேன் பார், அங்கேதான் ஆரம்பித்தது. யார் விழுந்தாலும் களத்துக்குள் ஓடிப்போய்த் தூக்கி மண்ணைத் தட்டிவிடுகிறாள். காலைப் பிடித்திருப்பவளை, "விடுறீ, பாவம்" என்று அதட்டுகிறாள். பிடித்தவளை விட்டுவிட்டால் கபடியில் அப்புறம் என்ன மாப்ளே இருக்கு?

இதற்கிடையில் இருளம்மாளின் மகள் கலையரசி சேர்ந்தாள். இருளம்மாள் தினமும் போடிமெட்டு ஜீப்பில் மலைமேல் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவள். மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. "ஆடட்டும்ண்ணே. ஆனா எவனாச்சும் கேலி பேசுனா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன்" என்றாள். மூன்றாம் நாளே, விசில் ஊதியும் நிற்கவில்லை என்று நம் பயிற்சியாளர் மனோஜ், "ஏ செவிடி!" என்று கத்திவிட்டான். சத்தம் கேட்காவிட்டாலும் அவன் வாய் அசைந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். டிக்கெட் எடுக்காதவனைக்கூட ஐயா போட்டுக் கூப்பிட்டவன் நான். அன்றைக்கு நேரே அவனிடம் போய், "மனோஜு, அவ பேரு கலையரசி. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட முடியாட்டி நீ வீட்டுக்குக் கெளம்பு" என்றேன். கிளம்பியே போய்விட்டான்! இரண்டு நாள் நானே பயிற்சி கொடுத்தேன், இடுப்பு இன்னும் நிமிரவில்லை. அடுத்த நாள் மனோஜ் விசிலுக்குப் பதில் வீசிக் காட்டச் சிவப்புத் துண்டோடு வந்தான். அவள் எதிரே நின்று, உதடு தெரிய, நிறுத்தி நிதானமாக, "தப்புதான் கலையரசி" என்றான்.

பிறகு தேவாரத்தில் போட்டி. இருளம்மாள் லீவு போட்டு வந்திருந்தாள். எதிரணி எல்லைக்குள் போகிறவள் மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று பாட வேண்டுமில்லையா, கலையரசி வாயில் அது 'கவதி கவதி' என்றுதான் வரும். பாட்டுச் சரியில்லை, அவுட்டு என்றார் நடுவர். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இருளம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மகளைக் கூட்டிப்போக எழுந்துவிட்டாள். நான் விதித்தாளோடு களத்துக்குள் ஓடினேன், கண்ணாடியை மறந்துவிட்டேன், எனக்குப் பின்னால் உன் அக்காவும் ஓடி வந்தாள். அப்போது தேவாரம் அணித் தலைவி பவதாரணிதான், "சார், மூச்சு விடாமத்தான் பாடுறா. எங்களுக்கு நல்லாவே கேக்குது. வரட்டும், நாங்க பிடிச்சுக்கிறோம்" என்றாள். நடுவர் கொஞ்சம் யோசித்துத் தலையசைத்தார். அடுத்த முறை போனவள் இருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். அதற்கடுத்த முறை பவதாரணியே பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்து மண்ணில் அமுக்கினாள். இரண்டு பேரும் படுத்தபடியே சிரித்தார்கள். நாலு புள்ளியில் தோற்றோம். "தோத்ததுக்கா இவ இப்பிடிச் சிரிக்கிறா?" என்று கேட்ட இருளம்மாளுக்குக் கண் கலங்கியிருந்தது.

ஆனால் களத்துக்குள் நுழைந்த குற்றத்துக்காக எனக்கும் உன் அக்காவுக்கும் இரண்டு போட்டிகளுக்குத் தடை. அறுபத்து மூன்று வயதில் இந்த அவமானம் எனக்குத் தேவையா? ஆகவே இத்துடன் விலகுகிறேன். வேறு ஆள் பார்த்துக்கொள். உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
திருப்பதி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மலை ஜீப்பு வாசலில் வந்து நின்றது. இருளம்மாள் தோட்டத்திலிருந்து மூன்று பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறாள். ஒருத்திக்கு ஒரு கால் சற்றுக் குட்டை, ஒருத்திக்கு மலையாளம் மட்டும்தான் தெரியும், இன்னொருத்தி வாயே திறக்கவில்லை. "நீங்க இருக்கீகன்னுதான் அனுப்புறாக அண்ணே" என்கிறாள். பேர் எழுதிக்கொண்டேன். மேலே எழுதியிருப்பதை நீ படிக்க வேண்டாம். வெரசா மூணு பனியன் அனுப்பு.