கெட்டிமேளம் ராசாத்தி நெற்றியில் இருந்தது

தாலி ஏறுவதற்கு முன்னால் ஒரு மண்டபத்தையே பந்திக்கு எழுப்பி அனுப்பியவள் நான். வில்லாபுரத்தில் அந்தப் பேர் எனக்கு இன்னும் இருக்கிறது. இல்லை என்று மறுக்கவும் வழியில்லை, கூப்பிட்டது என் குரல்தான். ஆனால் அந்த நேரத்தில் என் வாய் மூடித்தான் இருந்தது. (நான் வாயை மூடியிருந்தேன் என்றால் எங்கள் சொந்தத்தில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அது எனக்கே தெரியும்.)

எங்கள் வீட்டுக்காரர் பாட்டுக் கச்சேரியில் கீபோர்டு வாசித்தவர். கோயில் பொங்கல், காதுகுத்து, சடங்கு என்று மதுரையைச் சுற்றி அவர் வாசிக்காத ஊர் கிடையாது. முதலில் வாங்கிய மிசினில் திருகுகள்தான் அதிகம். ஒரு திருகைத் திருப்பினால் வண்டு கத்தும், இன்னொன்றைத் திருப்பினால் விசில் அடிக்கும். "இதுதான் வீணை" என்றார். கல்யாணமான புதிது, நானும் நம்பினேன். கடைசியாக வந்தது பெரிய மிசின். அதைத் துடைப்பதும் மூடுவதும் தடவுவதுமாக அவர் கிடந்ததைப் பார்த்து, அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்தேன்.

சக்களத்திக்கு ஒரு வித்தை தெரியும். மைக்கைச் செருகினால் எந்தச் சத்தத்தையும் பிடித்து வைத்துக்கொள்வாள். பிடித்ததைக் கட்டைகள் முழுக்கப் பரப்பியும் விடுவாள். இடது பக்கக் கட்டையை அமுக்கினால் அதே சத்தம் தடித்து, இழுத்து, மெதுவாக வரும். வலது பக்கம் போகப் போகக் கீச்சுக் குரலில் ஓடும். கையை எடுத்தால் சத்தம் நின்றுவிடும். இவர் மைக்கும் கையுமாக வீடு முழுக்க அலைவார். கிரைண்டர் ஓடுகிற சத்தம், பணியாரச் சட்டியில் மாவு விழுகிற சத்தம், பக்கத்து வீட்டு மோட்டார், எதையும் விடமாட்டார்.

"ஏங்க, சோறு ஆறுது, வாரீகளா இல்லையா?" என்று அடுப்படியிலிருந்து கத்துவேன்.

"இந்தா வாரேன்" என்பார். வரமாட்டார். சோறு ஆறித்தான் போகும்.

எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மிசினில் இருந்ததெல்லாம் இங்கிலீசு. அவசரத்துக்கு நானும் அதை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று, என் பொட்டு அட்டையை எடுத்துப் பொத்தான்களுக்கு ஒட்டி வைத்தார். பச்சைப் பொட்டு, மிசினை எழுப்ப. பெரிய சிவப்புப் பொட்டு, கெட்டிமேளம். நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் அவருக்குக் கூட்டாளிகள். அவர்களை வீட்டுக்கே வரவழைத்துப் பிடித்த சத்தம் அது. சிவப்பை அமுக்கிவிட்டுப் பத்து விரலையும் கட்டைமேல் வைத்தால் போதும், மண்டபம் நிறையும்.

சிவப்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அரக்குப் பொட்டும் இருந்தது.

"இது என்னத்துக்கு?"

"அது ரிப்பேரு. தொட்டுறாத."

"ரிப்பேரானதுக்கு எதுக்குப் பொட்டு?"

"திருஷ்டிக்கு" என்றார். அதையும் நம்பினேன்.

அவர் போன பிறகு சக்களத்தி போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு அறையை அடைத்துக் கிடந்தாள். என் மகன் செல்வமும் கச்சேரிக்குப் போகிறவன்தான். ஆனால் அவன் கச்சேரி முழுக்க ஒரு பலகை மாதிரி இருக்கிற டேப்புக்குள் அடங்கிவிடும். ஒரு ஆப்பைத் திறப்பான், நாதஸ்வரம் வரும். தடவினால் வயலின். ஒரு நாள் ஆரம்பித்தான்.

"அம்மா, அந்தப் பழசை வித்துருவோம்மா. இதுல எல்லாமே இருக்கு."

"உன் நாதஸ்வரம் மூச்சே விடாம ஊதுதுடா. மனுசன் ஊதுனா நடுவுல மூச்சு வாங்குவான். உங்க அப்பா புடிச்சதுல அது இருக்கு."

"மூச்சு வாங்குறதைக் கேக்க யாரும்மா மண்டபத்துக்கு வாரா?"

இந்த வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் என் தம்பி பாண்டி மகளுக்குக் கல்யாணம் வந்தது. நல்ல முகூர்த்தம், மேளக்காரர்கள் எல்லாரையும் வேறு வேறு வீடுகளில் பேசி முடித்திருந்தார்கள். பாண்டி தலையில் கை வைத்தான். "கவலைய விடுங்க மாமா, ஆப்புல வாசிச்சுருவோம்" என்று செல்வம் டேப்பை எடுத்தான்.

எனக்குச் சுருக்கென்றது. "என் தம்பி வீட்டுக் கெட்டிமேளம் என் மிசினுலதான் கேக்கும். நானே வாசிக்கிறேன்" என்றேன்.

"சரிம்மா. தப்பாப் போச்சுன்னா?"

"போச்சுன்னா மறுநாளே நீ வித்துக்க. ஏன்னு கேட்டா என் பேர மாத்திக்க."

சபை நடுவில் சொல்லியாகிவிட்டது. வீராப்பில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. அந்த மிசின் இல்லாத வீட்டை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் செல்வம் அன்றே பேச்சை விட்டிருப்பான். சொல்ல வரவில்லை.

மண்டபத்தில் மணமேடைக்கு ஒட்டிய மணப்பெண் அறையில் சக்களத்தியை இறக்கினோம். அவர் போன பிறகு தாலி கட்டுகிற இடத்துக்கு நான் முன்னால் போவதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அடுத்தவர் சொல்லி ஒதுங்குவது எனக்குப் பிடிக்காது, அதனால் நானாகவே ஒதுங்கிக்கொள்வேன். நான் உள்ளே இருந்தாலும் அவர் பிடித்த மேளம் மணமேடைக்குப் போகும் என்பதில் எனக்குள் ஒரு பெருமை.

நான் குனிந்து வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பாண்டி பொண்டாட்டி ராசாத்தி ஓடிவந்தாள்.

"மதினி, வேர்வைல பொட்டு எங்கயோ விழுந்துருச்சு. பொண்ணப் பெத்தவ வெறும் நெத்தியோட நிக்கிறேன். உங்ககிட்ட இருக்கா?"

"எங்கிட்ட ஏதுடி பொட்டு? அங்கிட்டு ஒட்டியிருக்கும் பாரு, எடுத்துக்க" என்றேன், தலையைத் தூக்காமலேயே. கண்ணாடியில் யாராவது ஒட்டி வைத்திருப்பார்களே, அதைத்தான் சொன்னேன். "ஆமா மதினி, இருக்கு" என்று ஓடிவிட்டாள்.

வெளியே "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஐயர் குரல் கேட்டது. மிசினைப் பார்த்தேன். ஒரே ஒரு சிவப்புதான் தெரிந்தது, அதுவும் சின்னதாக. வயசானால் எல்லாமே சின்னதாகத்தான் தெரியும் போல என்று நினைத்துக்கொண்டு அதை அமுக்கினேன். பத்து விரலையும் கட்டையில் வைத்தேன்.

"ஏங்க, சோறு ஆறுது, வாரீகளா இல்லையா!"

ஒரு குரலா அது? பத்துக் குரல். ஒரு கோடியில் எருமை பேசுகிற மாதிரி, இன்னொரு கோடியில் எலி பேசுகிற மாதிரி, நடுவில் அச்சு அசலாக நான். பதறிப்போய்க் கையை எடுத்தேன். மேளம் கேட்கவில்லையே என்று மறுபடியும் குத்தினேன். "ஏங்க... ஏ... ஏங்க, சோறு ஆறுது, வாரீகளா இல்லையா!" செல்வம் ஸ்பீக்கர் சத்தத்தை முழுசாக வைத்திருந்தான்.

கொட்டாம்பட்டியிலிருந்து வேனில் வந்த மாப்பிள்ளை வீட்டுச் சனம் வெறும் வயிற்றோடு கிளம்பி வந்திருந்தது. அதில் ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பொண்ணு வீட்டுல இம்புட்டு உரிமையாக் கூப்புடுறாக, என்னப்பா உக்காந்துருக்கீக?" அவ்வளவுதான். நாற்காலிகள் தடதடவென்று பின்னால் போயின. கையில் இருந்த அட்சதையை மடியில் கட்டிக்கொண்டு ஓடியவர்களும் உண்டு.

மாப்பிள்ளை தாலியைப் பெண் கழுத்துக்கு நேராகப் பிடித்தபடி சிலையாக நின்றான். "கட்டவா, சாப்பிட்டு வந்து கட்டவா?" என்று தோழனிடம் கேட்டானாம். (அவன் இதை இல்லை என்கிறான். தோழன் சத்தியம் செய்கிறான்.) கடைசியில் மேடையில் நின்ற பொம்பளைகள் சேர்ந்து குலவை போட, அந்தச் சத்தத்தில்தான் தாலி ஏறியது.

ராசாத்தி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "என்ன மதினி இப்படிப் பண்ணிட்டீக!" அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். நெற்றி நடுவில் பெரிய சிவப்புப் பொட்டு, ஓரத்தில் பழைய தூசியோடு.

"அடியே, கெட்டிமேளம் உன் நெத்தியில இருக்குடி!"

அழ வந்தவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் குரலை அவர் எப்போது பிடித்தார், எதற்காகப் பிடித்தார், ஏன் என்னிடம் ரிப்பேர் என்றார்? பந்தியில் உட்கார்ந்தபோதும் அதே நினைப்பு. இலையில் சோறு ஆறிக் கிடந்தது.

மறுநாள் நானே போர்வையை எடுத்துவிட்டு, "கூட்டிட்டுப் போடா, சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றேன். வாங்குகிறவரிடம் காட்ட எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தான் செல்வம். நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன். என் குரல் கேட்டது. பாதியில் நிற்காமல் முழுசாகக் கேட்டது. அப்புறம் அவன் கூப்பிட்டான். "அம்மா, இங்க வாயேன்."

"மண்டபத்துல கேட்டது பத்தாதா?"

"நேத்து நீ வெடுக்குனு கையை எடுத்துட்டம்மா. கடைசி வரைக்கும் அமுக்கிக்கிட்டே இருக்கணும்."

அமுக்கிப் பிடித்தான். "ஏங்க, சோறு ஆறுது, வாரீகளா இல்லையா?" ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம். பிறகு மைக்குக்கு வெகு பக்கத்தில், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இந்தா வாரேன்."

செல்வம் கட்டையிலிருந்து விரலை எடுத்தான். போர்வையை எடுத்து அவனே மிசினுக்குப் போர்த்தினான்.

சக்களத்தி இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறாள். செல்வம் அந்தச் சத்தத்தை ஆப்பிலும் ஏற்றிக்கொண்டான். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் பந்தி தயார் என்றால் அதைத்தான் போடுகிறார்கள். மண்டபமே ஒரே குரலில் "இந்தா வாரேன்" என்கிறது. நல்ல நாளில் ராசாத்தி பெரிய பொட்டு வைத்து வந்தால், "அமுக்கிப் பாருங்க, மேளம் கேக்கும்" என்று அவள் மருமகனே கிண்டல் செய்கிறான். சிரித்துக்கொள்கிறேன்.

வீட்டில் யாரும் இல்லாதபோது நான் ஆப்புப் பக்கம் போவதில்லை. பச்சைப் பொட்டை அமுக்கி, அரக்குப் பொட்டை அமுக்கி, இடது கோடிக் கட்டையில் ஒரு விரலை வைக்கிறேன். அங்கே என் குரல் இழுத்து இழுத்து வரும், அவர் பதில் சொல்ல ரொம்ப நேரமாகும். இருந்தபோதும் அப்படித்தான். விரலை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். சோறு ஆறினால் ஆறட்டும்.