அஞ்சாம் தேதி டியூ

குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போதுதான் செங்கல்வராயனின் போனுக்கு அந்தச் செய்தி வந்தது. கணக்கில் போதிய பணம் இல்லாததால் ஸ்கூட்டர் கடனின் தவணை திரும்பிவிட்டது. அதற்குக் கட்டணமாக ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் பிடித்துக்கொள்ளப்படும்.

பணம் இல்லாதவனிடம், பணம் இல்லை என்பதற்காகவே பணம் பிடுங்குவது! இந்த மூளை எந்தப் புண்ணியவானுக்கு வந்ததோ, அவன் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

"இன்னாய்யா, மூஞ்சி தொங்கிப் போச்சி?" என்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள் பஞ்சவர்ணம்.

"வண்டி டியூ ரிட்டர்ன் ஆயிடிச்சி."

"ஒண்ணர வருசமா கட்டிகினு வரோம், ஒரு வாட்டி கூட ஆவலியே! கம்பெனிக்கே கணக்கு பாக்குற ஆளு நீ. ஊட்டு கணக்குல ஓட்ட வுட்டுகினு கீறியே."

"எல்லாம் இந்த பேங்க்காரனுங்க பண்ற வேலை."

பெண்டாட்டி சொன்னது செங்கல்வராயனுக்குச் சுருக்கென்றது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவர் அக்கவுண்ட்ஸ் ஆபீசர். கம்பெனிக் கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் மதியச் சாப்பாட்டைத் தொடமாட்டார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு ஸ்கூட்டர் தவணை திரும்பினால் மானம் போகுமா, போகாதா?

மானம் போனால் கூடப் பரவாயில்லை. காட்டுப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். பஞ்சவர்ணத்தின் நான்கு வளையலும் ஒரு ஆரமும் விற்ற பணம். மூன்று மாதத்துக்குள் வீட்டுக்கடன் வாங்கி மீதியைக் கட்டாவிட்டால் அட்வான்ஸ் பில்டருக்கே சொந்தம். படிக்காமல் போட்ட கையெழுத்து இல்லை, படித்துப் பார்த்துத்தான் போட்டார்கள். பதினாறு வருஷமாக ஐயப்பன்தாங்கலில் வாடகை வீடு. மோட்டார் போடுவதற்கும் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு நிற்கிற வாழ்க்கை. அது முடியட்டும் என்றுதான் அவள் வளையலைக் கழற்றினாள்.

"இந்தக் குக்கர் வந்த நேரம் நல்ல நேரம்னு பாத்தனே," என்றாள்.

போன மாதம் கம்பெனியில் கிடைத்த பரிசு அது. ஐந்து லிட்டர். செங்கல்வராயன் சொன்ன ஒரு யோசனை பிடித்துப்போய், எம்.டி. தன் அறைக்குக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாராம். கீழ் வீடு, எதிர் வீடு, தண்ணீர் லாரி டிரைவர் வரைக்கும் பஞ்சவர்ணம் அதைக் காட்டிப் பெருமையடித்தாயிற்று. என்ன யோசனை என்று யாரும் கேட்கவில்லை. ஓசிக் குக்கரைப் பார்த்தவர்கள் அது எத்தனை லிட்டர் என்று கேட்பார்களா, யோசனையைக் கேட்பார்களா?

விண்ணப்பம் போட்டிருந்த வீட்டுக்கடன் கம்பெனியிலிருந்து மறுநாளே கிஷோர் பேசினான். "சார், உங்க ரிப்போர்ட்ல டியூ ஒண்ணு பவுன்ஸ் ஆனதா காட்டுது. ஒரு தடவைன்னா மேல பேசிப் பாத்துக்கலாம். இன்னொண்ணு வராம பாத்துக்குங்க."

"வராது தம்பி. நானே அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவன்."

ஏழாம் தேதி சம்பளம் வந்தது. பேங்க் தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டது. ஸ்கூட்டர் கடன்காரன் தன் பங்குக்கு ஒரு அபராதம் போட்டான். தவணையைக் கையால் கட்டி, வாடகை, பால், கரண்ட் எல்லாம் போக, மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு துடைத்து வைத்த வாணலியாகக் கிடந்தது.

இந்த முறை செங்கல்வராயன் உஷாராகிவிட்டார். நாலாம் தேதி மெஷின் ஷாப் முனியனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முனியா, ஒரு அஞ்சாயிரம் இருக்குமா? சம்பளம் வந்ததும் குடுத்துடறேன்."

"இன்னா சார், நீங்க போயி எங்கிட்ட கேட்டுகினு! ஊட்ல சீட்டுப் பணம் கீது. இப்பவே அனுப்பறேன்," என்றான் முனியன். அனுப்பியும் விட்டான்.

தவணை நாலாயிரத்து எண்ணூற்று எழுபது. கணக்கில் ஐயாயிரம். குறுக்கே என்ன வந்துவிடப் போகிறது என்று செங்கல்வராயன் நிம்மதியாகத் தூங்கினார்.

குறுக்கே ஏ.டி.எம். கார்டு வந்தது. அதற்கு வருஷக் கட்டணம் இருநூற்று முப்பத்தாறாம். பதினோரு மாதமாகப் பூனை மாதிரி காத்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த ராத்திரியில் பாய்ந்து எடுத்துக்கொண்டது பேங்க். காலையில் தவணை வந்து கதவைத் தட்டியது. நூறு ரூபாய் சொச்சம் குறைந்தது. மறுபடியும் ரிட்டர்ன். மறுபடியும் ஐந்நூற்றுத் தொண்ணூறு.

செங்கல்வராயன் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பூந்தமல்லி கிளை மேனேஜர் ஸ்ரீநாத்தின் மேஜை முன்னால் போய் நின்றார்.

"நூறு ரூபா குறைஞ்சதுக்கு அறுநூறு ரூபா பிடிப்பீங்களா? இதுக்கு ராத்திரி வந்து கன்னம் வைக்கலாமே!"

ஸ்ரீநாத்துக்கு இந்த வசவு புதிதில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "சார், அது சிஸ்டமே எடுத்துக்கறது. எங்க கையில எதுவும் இல்ல," என்றார். "உங்க சம்பளத்துக்கு ஓ.டி. வசதி, அதான் ஓவர்டிராஃப்ட் இருக்கு, எடுத்துக்கறீங்களா? பணம் இல்லாட்டியும் டியூ போயிடும். அப்புறம் வட்டி மட்டும் கட்டினா போதும்."

"எனக்கே ஓ.டி. கதையா? எங்க கம்பெனி மாசா மாசம் ஓ.டி.க்கு எவ்வளவு வட்டி கட்டிட்டிருந்தது தெரியுமா? அதைக் குறைச்சுக் காட்டினவன் நான்!"

"அப்படியா சார்? ரொம்ப சந்தோஷம். சரி, உங்களுக்குச் சம்பளம் எப்ப வருது?"

"ஏழாம் தேதி."

"டியூ அஞ்சாம் தேதி. அதான் சார் பிரச்சினை. ஆனா முன்னாடியெல்லாம் ஒண்ணாம் தேதி வந்திருக்கு போல. இங்க காட்டுதே."

"அது கம்பெனி விஷயம்."

"உங்க கம்பெனில சொல்லி, பழையபடி ஒண்ணாம் தேதியே போடச் சொல்லலாமே?"

"முடியாதுன்னா முடியாது!" என்று செங்கல்வராயன் போட்ட சத்தத்தில் பாஸ்புக் மெஷின் அருகே நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார். "எங்க கம்பெனி எப்பச் சம்பளம் போடணும்னு நீங்க சொல்லாதீங்க. ஏழாம் தேதி வரைக்கும் போடலாம்னு சட்டமே இருக்கு. இந்தக் கணக்கே எனக்கு வேணாம். ஊர்ல வேற பேங்கே இல்லையா?"

இருந்தது. ஊரில் பேங்குக்குக் குறைச்சலா? பொண்ணு பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி செங்கல்வராயன் இரண்டு சனிக்கிழமை ஏறி இறங்கினார். ஒரு பேங்கில் ஏ.சி. நன்றாக இருந்தது, ஆட்கள் முகம் சரியில்லை. இன்னொன்றில் முகமெல்லாம் சிரிப்பு, ஆனால் இன்சூரன்ஸ் எடுக்காமல் எழுந்திருக்க விடவில்லை. கடைசியில் வானகரத்தில் ஒரு பேங்க் அமைந்தது. உட்கார்ந்ததும் டீ கொடுத்தார்கள். சம்பளக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை, கார்டு இலவசம்.

"உங்களை மாதிரி கஸ்டமரைப் போய் அவங்க இப்படி நடத்தியிருக்காங்களே சார்," என்று வருத்தப்பட்டாள் அங்கே இருந்த நிவேதிதா. செங்கல்வராயனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இரண்டு மாதத்தில் அவரிடம் யாரும் அனுதாபமாகப் பேசவே இல்லை.

"வண்டிக் கடன் இந்தக் கணக்குல பிடிக்கிற மாதிரி ஃபார்ம் அனுப்பிடறேன் சார். ஆனா அது மாற ஒரு மாசம் ஆகலாம். அதுவரைக்கும் பழைய கணக்குலயும் டியூக்குப் பணம் வச்சிருங்க."

"ஆகட்டும்மா, ஆகட்டும்," என்றார் செங்கல்வராயன். அவருக்கு டீ நன்றாக இருந்தது. வேறெதுவும் காதில் ஏறவில்லை.

கம்பெனியில் எல்லோருக்கும் சம்பளம் ஏற்றுவதே அவர்தான். தன் கணக்கு நம்பரை மாற்ற எத்தனை நேரம்? மாற்றினார். பழைய கணக்கில் கிடந்த சில்லறையையும் வழித்து எடுத்தார். ஸ்ரீநாத்தின் முகத்தில் கரியைப் பூசிவிட்ட திருப்தி. அதற்குள் கிஷோர் வேறு கூப்பிட்டிருந்தான். "சார், ரெண்டாவதும் வந்துடுச்சு. மேல கெஞ்சிக் கூத்தாடி ஃபைலைப் பிடிச்சு வச்சிருக்கேன். இன்னொண்ணு வந்தா என்னால முடியாது."

இந்த முறை விளையாட்டே இல்லை என்று பஞ்சவர்ணம் தன் மூக்குத்தியை அடகு வைத்தாள். நாலாம் தேதியே புது பேங்கில் ஆறாயிரம் ரூபாய். மூக்கில் ஒரு ஈர்க்குச்சியைச் சொருகிக்கொண்டு, "மாங்காட்டு அம்மனுக்கு வேண்டிகினு கீறேன்யா. இந்த ஒரு வாட்டி போயிட்டா போதும்," என்றாள்.

ஐந்தாம் தேதி தவணை வந்தது. வழக்கம்போலப் பழைய பேங்குக்கே வந்தது. அங்கே துடைத்து வைத்த கணக்கு. ரிட்டர்ன். ஆறாயிரம் ரூபாயும் வானகரத்தில் ஏ.சி.யில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. பழைய பேங்க் இன்னொன்றும் செய்தது. ஏழாம் தேதி சம்பளமும் வராததால் இனி இது சாதாரணக் கணக்கு என்று சொல்லி, குறைந்தபட்ச இருப்பு இல்லாத குற்றத்துக்கும் ஒரு அபராதம் போட்டது. பணமே இல்லாத கணக்கு மைனஸில் போயிற்று. பூஜ்யத்துக்குக் கீழேயும் ஏழைக்கு இடம் வைத்திருக்கிறார்கள்.

செங்கல்வராயன் நிவேதிதாவுக்குப் போன் போட்டுக் கத்தினார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே சார்," என்றாள் அவள். அன்று இருந்த வருத்தம் இன்று குரலில் இல்லை.

கிஷோர் போன் பண்ணவில்லை. ஒரு மெசேஜ் அனுப்பினான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சனிக்கிழமை பில்டரைப் பார்க்கப் புருஷனும் பெண்டாட்டியும் காட்டுப்பாக்கம் போனார்கள். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அக்ரிமென்டைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்தார். அவ்வளவுதான். வரும் வழியெல்லாம் பஞ்சவர்ணம் ஸ்கூட்டரின் பின்னால் சத்தமில்லாமல் அழுதாள். கண்ணைத் துடைத்த கையில் வளையல் இல்லை. ரப்பர் வளையல் கூட அன்று போட்டிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் முனியன் வந்து நின்றான். சம்பளம் வந்ததும் தருகிறேன் என்று வாங்கிய ஐயாயிரம். அதற்குப் பிறகு சம்பளமும் வந்துவிட்டது, போயும் விட்டது.

"உள்ள வா முனியா. உன் பணம்தான்... கொஞ்சம் பேஜாராயிடிச்சி."

"ஐய, உடு சார். கேக்கவே கூச்சமாத்தான் கீது." முனியன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "ஆனா தாங்க முடியல சார். ஃபிரிட்ஜு டியூ மூணு மாசமா ரிட்டனு. நேத்து ரெண்டு பேரு ஊட்டாண்ட வந்து தெருவே கேக்குற மாதிரி கத்திட்டுப் போறானுங்க. எம் பொண்ணு வெளிய வரவே மாட்டேங்குது."

"இந்த பேங்க்காரங்களை நம்பவே கூடாது அண்ணாத்தே!" பஞ்சவர்ணம் அடுப்படியிலிருந்தே சொன்னாள். "எங்க ஊடே போச்சி தெரியுமா? எம் வளையலு, ஆரம் எல்லாத்தையும் முழுங்கிட்டானுங்க."

"பேங்க்காரன் இன்னா பண்ணுவான்மா?" என்றான் முனியன். "அவன் எப்பவும் அஞ்சாந்தேதி தான் எடுக்குறான். நமக்குத் தான சம்பளம் ஏழாந்தேதிக்குப் போயிடிச்சி. எங்க ஷாப்புல பாதிப் பேருக்கு இதே ரோதன தான். ஒருத்தன் வண்டியவே தூக்கினு பூட்டானுங்க."

"சரி முனியா, பணத்தை நான் ரெண்டு நாள்ல..." என்று எழுந்தார் செங்கல்வராயன்.

"இரு சார், நீங்க ஆபீஸ்ல கீறீங்க, உங்களுக்கே தெரியாதா? கம்பெனி ஓ.டி.க்கு வட்டி மிச்சம் புடிக்கிறதுக்காக நம்ம சம்பளத்த ஆறு நாளு தள்ளி வச்சிகீறாங்களாம். எம்.டி.க்கு அந்த மூளையே கெடயாது சார். உள்ளயே எவனோ ஒரு சோமாரி ஐடியா குடுத்துகீறான்."

"சும்மா யாராச்சும் கெளப்பி விடுவாங்க. நீ முதல்ல டீ சாப்பிடு."

"கெளப்பி வுடுற கத இல்ல சார். எம்.டி. டிரைவரே சொன்னான். பேரு மட்டும் அவனுக்குத் தெரியல. அந்த நாதாரிக்கு பரிசு குடுக்குறதுக்கு, கடைக்குப் போயி குக்கரு வாங்கினு வந்ததே அவன்தானாம்."

அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. பஞ்சவர்ணம் அதை அணைத்தாள். கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்து, புருஷனைப் பார்க்காமல், முனியனைப் பார்த்துக் கேட்டாள்.

"அஞ்சு லிட்டரா அண்ணாத்தே?"