பதினொரு மணிக்கு விழிக்கும் கார்

பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறவர்கள் சாதாரண மனிதர்கள். மூன்றாம் தரம் இழுப்பதற்காகப் பஸ் நிலையத்திலிருந்து திரும்பி வருகிறவள் நான். இப்படிப்பட்ட ஒருத்தியின் கையில், திறப்புப் போட்டுத் திருப்பவே தேவையில்லாத காரைக் கொடுத்தது என் கணவர் செய்த பிழை. மற்றப் பிழைகள் எல்லாம் நான் செய்தவை.

ஜப்பானில் யாரோ பாவித்துக் கப்பலில் வந்த கார் அது. ரிமோட் கைப்பைக்குள் கிடந்தால் போதும். கதவில் கை வைத்தால் திறக்கும், பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும். ரிமோட்டோடு கிட்டப் போனாலே உள்ளே விளக்கு மெல்ல எரியும். "எங்களை வரவேற்குது" என்பார் கணவர். எனக்கென்னவோ, உள்ளே இருட்டில் இருந்த யாரோ என்னைக் கண்டுவிட்டு விளக்கைப் போட்டதுபோலத்தான் இருக்கும். காரோடு வந்தது ஒரே ஒரு ரிமோட்.

அப்போது நாங்கள் பல்லேகலப் பக்கம் ஒரு ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். நான் கண்டியில் கணிதம் படிப்பித்தேன். மகள் அபிக்கு மூன்று வயது. அவளுக்கு மூச்சிழுப்பு. தொடங்கினால் அரை மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்துப் புகை பிடிக்க வைக்க வேண்டும். கார் வாங்கியதே அதற்காகத்தான்.

அந்த மார்ச் மாதம் பக்கத்திலுள்ள திகனவில் முஸ்லிம்களின் கடைகளை எரித்தார்கள். எங்கள் முற்றத்தில் நின்றால் மரங்களுக்கு மேலே கறுப்பாகப் புகை தெரிந்தது. ஊரடங்குச் சட்டம் என்றார்கள். நான் யாழ்ப்பாணத்தில் யுத்தத்துக்குள் வளர்ந்தவள். ஊரில் ஏதும் நடந்தால் தலை யோசிக்கும் முன்னரே கை வேலையைத் தொடங்கிவிடும். நகை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் அள்ளிக் கட்டி ஒளித்துவிட்டேன். எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று இருந்தது: ஒளித்த இடம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரிய வேண்டும். மற்றவர்களை யாரும் பிடித்து வெருட்டினாலும் அவர்களிடம் சொல்ல ஒன்றும் இருக்கக்கூடாது. ஆகவே கணவரிடமும் சொல்லவில்லை. (உங்களிடமும் இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை.)

அடுத்த நாள் காலை ரிமோட்டைக் காணவில்லை.

கைப்பையைக் கவிழ்த்தேன். அலுமாரி, கதிரைக்குக் கீழே, அபியின் விளையாட்டுப் பெட்டி, குப்பை வாளி, எங்கும் இல்லை. முற்றத்தில் கார் கதவு பூட்டியபடி நின்றது. அபி இரண்டு தரம் இருமினாள். சாதாரண இருமல்தான். ஆனால் ஊரடங்கில் ஓட்டோ ஓடாது என்பதும், எங்கள் காருக்கு எங்களையே தெரியாது என்பதும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன.

கணவர் கொழும்பிலுள்ள கார் முகவருக்குத் தொலைபேசி எடுத்தார். காரைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், உள்ளே இருக்கும் கம்பியூட்டரையே மாற்ற வேண்டும், ஆறு கிழமை செல்லும் என்றார்கள். ஊரடங்கைத் தளர்த்திய நேரத்தில் கணவர் ஓடிப்போய், பழைய சாமான் கடையொன்றில் அதே நிறம், அதே வடிவத்தில் ஒரு ரிமோட் வாங்கிவந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு காரை மூன்று தரம் சுற்றிவந்தேன். அழுத்தினேன், நெற்றியில் தொட்டுக் கும்பிட்டு அழுத்தினேன். கார் பேசாமல் நின்றது.

அப்போதுதான் என்னோடு படிப்பிக்கும் ஒரு டீச்சர் தொலைபேசியில் நசீர் நானாவின் நம்பரைத் தந்தார். திகனவில் திறப்பு வெட்டுகிறவர், ஊருக்கே நானா, அதாவது அண்ணன். அவருடைய கடையும் எரிந்திருந்தது. ரிமோட் பதிகிற கம்பியூட்டர் பெட்டியை அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தபடியால் அது மட்டும் தப்பியது. பிள்ளைக்கு இழுப்பு என்று சொன்னதும், "வாறன் டீச்சர்" என்றார். ஊரடங்கு திரும்பத் தொடங்குமுன்னரே, ஒரு மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்.

ரிமோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது வேற காருக்குக் கட்டிக் குடுத்தது டீச்சர். லேசில மறக்காது. ரிமோட்டுக்கு உள்ளுக்கு இருக்கிற சர்க்கிட் பலகையில ஒரு நம்பர் ஈக்கிது. அதே நம்பர்ல, ஒருத்தருக்கும் பதியாத ஒண்டு வேணும். எனக்கிட்ட ஒண்டு ஈக்கிது."

கதவிடுக்கில் சின்னக் காற்றுப் பையைச் சொருகி ஊதி, கம்பியை விட்டுக் கதவைத் திறந்தார். அந்தக் கணமே கார் அலறத் தொடங்கியது. ஒழுங்கை முழுவதும் எதிரொலித்தது. அந்தச் சத்தத்துக்கு ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. திறந்திருந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. அந்தக் கிழமையின் பயம் என்று இன்றைக்கும் எனக்கு நினைவு வருவது புகையல்ல, அந்த ஜன்னல்கள்தான்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே வயரைச் சொருகி, நாற்பது நிமிடம் கம்பியூட்டரோடு மல்லுக்கட்டி, புது ரிமோட்டைக் காருக்குப் பழக்கினார். முடிவில் கேட்டார்: "பழைய ரிமோட் இன்னும் கார்ட ஞாபகத்தில ஈக்கிது. அழிச்சிடவா?"

அழிக்கச் சொன்னேன். பிறகு, கண்டெடுத்தால் பயன்படுமே என்று வேண்டாம் என்றேன். வேறு யாரும் கண்டெடுத்தால் என்ன செய்வது என்று மறுபடி அழிக்கச் சொன்னேன். நசீர் நானா விரலைப் பொத்தானுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி பொறுமையாக இருந்தார். கடைசியில், "இருக்கட்டும் நானா" என்றேன்.

நாலு நாள் சுகமாகப் போனது. ஐந்தாம் நாள் காலை பதினொரு மணியிருக்கும். சோறு வைக்கக் குசினியில் தனியாக நின்றேன். குசினி ஜன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் கார் நிற்கும். வெளியே ஒரு சத்தமில்லை. வாகனமில்லை, பள்ளிக்கூட மணியில்லை, நாய்கூடக் குரைக்கவில்லை.

காருக்குள் விளக்கு மெல்ல எரிந்தது.

புது ரிமோட் முன்னறையில், அலுமாரிக்கு மேலே, பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. காருக்குள் யாரும் இல்லை. பக்கத்திலும் இல்லை. காலியான இருக்கைகள் வெளிச்சத்தில் யாரையோ எதிர்பார்த்ததுபோலத் தெரிந்தன. பதினைந்து வரை எண்ணினேன். விளக்கு மெல்ல அணைந்தது.

அடுத்த நாளும் பதினொன்று ஐந்துக்கு எரிந்தது. அதற்கடுத்த நாள் பத்து ஐம்பத்தெட்டு. நான் கணித டீச்சர் அல்லவா, கொப்பி ஒன்றில் அட்டவணை போட்டேன். கணவர் ஒரு நாள் கதிரையைப் போட்டு முற்றத்தில் காவலிருந்தார். நான் அவருடைய சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். பன்னிரண்டு மணிவரை ஒன்றுமில்லை. சமைக்கவில்லை, பாணும் சம்பலும் சாப்பிட்டோம். "ஆவிக்கு என்னில பயம் போல கிடக்கு" என்றார். மறுநாள் அவர் குளிக்கப் போனார். நான் குசினிக்குள் போனேன். விளக்கு எரிந்தது.

நான் ஆவிகளை நம்புகிறவள் அல்ல. தர்க்கத்தை நம்புகிறவள். அதுதான் வினையாய்ப் போனது. ரிமோட் கிட்ட வந்தால்தான் விளக்கு எரியும். எங்கள் ரிமோட் பெட்டிக்குள் இருக்கிறது. ஆகவே வேறொன்று இருக்கிறது. வேறொன்றைச் செய்யக்கூடியவர் யார்? மூன்று வரியில் நிறுவி, அடியில் கோடும் போட்டுவிட்டேன். பிறகு தொலைபேசியை எடுத்தேன்.

"நானா, குறை நினைக்கக்கூடாது. நீங்கள் அண்டைக்குச் செய்யேக்க, இன்னொண்டும் பதிஞ்சு உங்களிட்ட வச்சிருக்கிறியளோ?"

அவர் மிக மெதுவாக, "டீச்சர் கேக்கிறது வெளங்குது. நாளைக்கு வாறன்" என்றார்.

கணவர் குளித்துவிட்டுத் துவாயோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னோடு சத்தம் போட்டதே குறைவு. அன்றைக்கும் சத்தம் போடவில்லை. "கடையை எரிச்சவனை ஒருத்தரும் கேள்வி கேக்கேல்ல. எரிஞ்ச மனுசனை நீர் கேக்கிறீரோ?" என்றார்.

உடனே திரும்ப அழைத்து வரவேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் இன்னும் கேவலம் என்று நினைத்தேன். இரண்டுக்கும் நடுவில் தொலைபேசியைப் பிடித்தபடியே நின்றேன். ரோட்டில் இரண்டு இடத்தில் ஆமிக்காரர்கள் மறித்து விசாரிக்கிற நாட்கள் அவை. அதைத் தாண்டி, மறுநாள் பத்தே முக்காலுக்கு நசீர் நானா வந்துவிட்டார். உள்ளே வரச் சொன்னோம். வரவில்லை. காருக்கு நேரே முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தின மணிக்கி எரியிது?"

"பதினொண்டு அளவில."

"அப்ப இருந்து பாக்கிறன்." பிறகு சொன்னார்: "கட போனாப் பறவாயில்ல டீச்சர், இன்னொண்டு போடலாம். பூட்டுத் திறக்கிறவன் எண்டா ஆக்கள் நம்பித்தான் வாசலுக்கு எடுக்கிறாங்க. அது போச்செண்டா எனக்கிட்ட வேற ஒண்டும் இல்ல."

நான் குசினிக்குள் ஓடினேன். வந்த மனுசனுக்குச் சோறாவது கொடுப்போம் என்று அரிசி டின்னைத் திறந்தேன்.

"எரியிது!" என்று வெளியே கணவர் கத்தினார்.

நசீர் நானா எழும்பவில்லை. காரையும் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். "டீச்சர், இப்ப என்ன செஞ்சீங்க?"

"ஒண்டும் செய்யேல்ல. அரிசி எடுத்தன்."

"மூடுங்க."

மூடினேன். விளக்கு அணைந்தது.

"தொறங்க."

திறந்தேன். கார் விழித்தது.

மூடினேன், திறந்தேன். அபி வந்து கைதட்டினாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நகைகளை நான் ஒளித்தது அந்த டின்னுக்குள்தான், அரிசிக்கு அடியில். கைப்பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் ஒரே பொலித்தீனுக்குள் அள்ளியபோது பழைய ரிமோட்டும் சேர்ந்து போயிருக்கிறது. வீடு முழுவதும் தேடியவள் அங்கே மட்டும் தேடவில்லை. அது ஒளித்த இடம், தொடக்கூடாத இடம்!

முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பொலித்தீனை இழுத்தேன். தாலிக்கொடிக்கும் அபியின் காப்புக்கும் நடுவில் ரிமோட் இருந்தது.

"தகர டின் மூடியிருந்தா ரிமோட் கத்தினாலும் காருக்குக் கேக்காது" என்று நசீர் நானா விளக்கினார். "முதல் நாலு நாளும் டின் நெறைய அரிசி இருந்திருக்கும். கொறயக் கொறயத்தான் அதுக்கு வாய் வந்தீக்கி." வழக்கமாக நாங்கள் பதினொரு மணிக்குத்தான் சோறு வைப்போம். அத்தனை நாளும் அந்தக் காரை விழிக்கவைத்த ஆவி வேறு யாருமில்லை, நான்தான்.

கணவர் பொலித்தீனை எட்டிப் பார்த்தார். "எங்கட சொத்தெல்லாத்தையும் நான் ஒவ்வொரு நாளும் அவிச்சுச் சாப்பிட இருந்திருக்கிறன்" என்றார்.

நான் நசீர் நானாவிடம் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை, அழுதது மட்டும் தெரியும். அவர் கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "பசிக்கிது டீச்சர்" என்றார்.

இப்போது அவருக்கு அதே இடத்தில் புதுக் கடை இருக்கிறது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் உலை வைத்தால், கார் விழித்துவிட்டதா என்று அபி முற்றத்துக்கு ஓடிப் பார்ப்பாள். அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது நசீர் நானாவின் கடைக்குப் போவதுதான். போன மாதம் ரிமோட்டுக்குப் பற்றரி மாற்றப் போனபோது, ரிமோட்டைத் தொலைத்துவிட்டு வந்த ஒரு ஆளுக்கு நசீர் நானா அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தே சொன்னார். டீச்சர் ஒருவர், அரிசி டின், பதினொரு மணி, எல்லாம் சரி. ஆனால் அவருடைய கதையில் டீச்சர், "பயமா இருக்கு நானா, ஒருக்கா வந்து பாருங்கோ" என்றுதான் தொலைபேசி எடுப்பார். ஒவ்வொரு தரமும் அப்படித்தான் சொல்வாராம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இல்லை நானா, நான் அப்பிடிக் கேக்கேல்ல, நான் கேட்டது..." என்று தொடங்கினேன்.

நசீர் நானா ரிமோட்டை மூடி என் கையில் வைத்தார். "கதய நான் சொல்றன் டீச்சர்" என்றார். "நீங்க அரிசியப் பாருங்க."