சந்தா தகுமென்றால் சம்பந்தம் தகும்

உலகத்தின் பெரிய தீர்ப்புகளெல்லாம் அவசரத்தில் எழுதப்பட்டவை. அவசரப்படாமல் எழுதப்பட்ட ஒரே தீர்ப்பைக் காட்டுங்கள் என்று யாராவது கேட்டால், குடிநீர் வாரியத்துத் தணிக்கைக் கண்காணிப்பாளர் தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஓராண்டு ஆராய்ந்து எழுதியதைத்தான் காட்ட வேண்டியிருக்கும். ஆராய்ச்சிப் பொருள்: வீடியோ கேம் மாத இதழ் ஒன்றுக்குச் சந்தா கட்டுவது தகுமா, தகாதா?

இதற்குச் சிரிப்பவர்கள் அவரிடம் பில் அனுப்பிப் பார்க்காதவர்கள். அலுவலகத்துக்குப் புதுத் துடைப்பம் வாங்கியபோது, பழைய துடைப்பம் தேய்ந்துபோனதற்குச் சான்று கேட்டவர் அவர். சான்று வந்து சேர்வதற்குள் புதியதும் தேய்ந்துவிட்டது. ஒரே சான்று இரண்டுக்கும் பயன்பட்டு, வாரியத்துக்கு ஒரு தாள் மிச்சம். இப்படிச் சொட்டுச் சொட்டாக நாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவரிடம்தான் மகள் ஒரு சாயங்காலம் வந்து நின்றாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு.

"அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு."

தணிக்கையாளர் பதறவில்லை. பதறுவதற்கு முன் விவரம் வேண்டும். "என்ன பண்றார்?"

"வீடியோ கேம் பத்திரிகையில வேலை."

"அப்படின்னு ஒரு பத்திரிகையா? அதை யாரு படிக்கிறா?"

"சந்தா கட்டிப் படிக்கிறாங்கப்பா."

"காசு குடுத்துப் படிக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்கு?"

"நீங்க ஒரு தடவை அவரைப் பார்த்துப் பேசுங்களேன். தெரிஞ்சுடும்."

ஆளைப் பார்ப்பதாம், பேசுவதாம்! பணியில் சேர்ந்த நாள் முதல் அவர் எந்த ஆளையும் பார்த்து முடிவெடுத்ததில்லை. ஆள் சிரிப்பான், கும்பிடுவான், குடும்பக் கஷ்டம் சொல்வான். காகிதம் அப்படியெல்லாம் செய்யாது. காகிதத்தின் இந்த நற்குணத்தை நம்பியே அவர் இத்தனை உயரத்துக்கு வந்திருந்தார்.

"அந்தப் பத்திரிகைக்கு ஒரு வருஷம் சந்தா கட்டறேன்" என்றார். "எல்லா இதழையும் பார்த்து அறிக்கை தர்றேன். சந்தா தகும்னா சம்பந்தமும் தகும். தகாதுன்னா ரெண்டும் தகாது. இதைவிட நியாயமா எந்த அப்பனும் சொல்ல மாட்டான்."

"ஒரு வருஷமா?" என்றாள் மகள்.

"என்னங்க, அந்தப் பையன் வீடு பஸ்ல அரை மணி நேரம்" என்றாள் மனைவி. அவள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. சுற்றிப் போகும் வழிகள் அவளுக்குப் பிடிக்காது.

அன்றே 'மூவர் குழு' அமைக்கப்பட்டது. தணிக்கையாளர் தலைவர். மனைவி உறுப்பினர். மாடி அறையில் தங்கியிருந்த மனைவியின் தம்பி, ஏசி மெக்கானிக், செயலாளர். மகள் 'சம்பந்தப்பட்ட தரப்பு' ஆகையால் குழு கூடும்போது உடன் உட்காரலாம், பேசக் கூடாது.

முதல் இதழ் வந்தது. அட்டையில் கவசம் அணிந்த வீரன் ஒருவன் வாளை ஓங்கிக்கொண்டிருந்தான். தணிக்கையாளர் அவன் மார்பில் 'பெறப்பட்டது' முத்திரையைக் குத்தி, உள்ளே போனார். நடுப்பக்கத்தில் புதிய விளையாட்டுகளுக்கு மதிப்புரை. எழுதியவரின் புனைபெயர் 'மூன்றாம் உயிர்' என்றிருந்தது. "வாள்வீச்சு பிரமாதம். காடு கண்ணிலேயே நிற்கிறது. கதைதான் பாதியில் படுத்துத் தூங்கிவிடுகிறது. பத்துக்கு ஏழு."

தணிக்கையாளரின் புருவம் ஏறியது. துடைப்பம் விவகாரத்துக்குப் பிறகு அது அவ்வளவு உயரம் ஏறியதில்லை.

"மீதி மூணு எங்க?"

"எந்த மீதி?" என்றாள் மனைவி.

"பத்து ஒதுக்கீடு. ஏழு செலவு. மீதி மூணு எங்க போச்சு? திருப்பிச் செலுத்தினதா ஒரு வரி இருக்கா?"

"ஏங்க, ஏழு போட்டா ஏழுன்னு அர்த்தம். நான் தினமும் போடறேன்."

"நீ தப்பைச் சிவப்பு மையில சுழிப்பே. இங்க சுழி எங்க?"

மகளால் பொறுக்க முடியவில்லை. "அப்பா, அந்த மூன்றாம் உயிர் யாருன்னா..."

"தரப்பு பேசக் கூடாது!" என்று தலைவர் மேஜையைத் தட்டினார்.

"விடும்மா, நடுவுல பேசினா இன்னொரு வருஷம் நீட்டிப்பார்" என்று காதோடு சொன்னார் செயலாளர். மகள் வாயை மூடிக்கொண்டாள்.

ஆட்சேபம் எண் ஒன்று பத்திரிகைக்குப் போயிற்று. 'மதிப்புக் குறைப்புக்கான ஆதாரங்களை இணைக்கவும்.' ஆசிரியர் பண்போடு பதில் எழுதினார்: 'எங்கள் விமர்சகர் விளையாடிப் பார்த்து, மனத்தில் பட்டதை எழுதுகிறார்.' மனத்தில் பட்டது! அரசாங்கப் பணத்தை மனத்தில் பட்டபடி செலவழித்த ஒரு பொறியாளரை அவர் எங்கே அனுப்பிவைத்தார் என்பது வாரியத்துக்கே தெரியும்.

நேர்மையான தணிக்கை என்றால் கள ஆய்வு வேண்டும். செயலாளர் யாரிடமோ கெஞ்சி விளையாட்டுப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்து டிவியில் பொருத்தினார். தணிக்கையாளர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து அமர்ந்தார். திரையில் வீரன் நின்றான். எதிரே கோட்டை வாசல்.

"உள்ள போங்க அத்தான்."

"காவலாளி ஒண்ணும் சொல்லலையே?"

"அவனை வெட்டிட்டுத்தான் போகணும்."

"பணியில இருக்கிறவனை வெட்டறதா? இரு, அவனா நகரட்டும்."

காவலாளி நகரவில்லை. வீரனும் நகரவில்லை. அரை மணி நேரம் இருவரும் ஒருவரையொருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். செயலாளர் பொறுமையிழந்து பக்கத்திலிருந்த பீப்பாய் ஒன்றை உடைத்துக் காட்ட, உள்ளிருந்து தங்க நாணயங்கள் சிதறின.

"இது யாரோட காசு?"

"நம்மளுதுதான். எடுத்துக்கலாம்."

"எந்தக் கணக்குத் தலைப்புல?"

செயலாளர் மாடிக்குப் போய்விட்டார். ஆய்வு அத்துடன் வெற்றிகரமாக முடிவடைந்தது. மூன்றாம் உயிர் இந்த விளையாட்டைக் கடைசிவரை விளையாடியதாகச் சொல்வது நம்பத்தக்கதல்ல, ஏனெனில் வாசலையே தாண்ட முடியாது என்று அடுத்த ஆட்சேபம் போயிற்று.

மாதங்கள் ஓடின. மூன்றாம் உயிர் அசரவில்லை. பெரிய கம்பெனி வெளியிட்ட கார்ப்பந்தய விளையாட்டு ஒன்றைப் பற்றி ஊரெல்லாம் ஆகா என்றபோது, "கார் பளபளக்கிறது, ஓட்டினால் கட்டில் நகர்வதுபோல் இருக்கிறது. பத்துக்கு நான்கு" என்று எழுதினான். யாருமே கண்டுகொள்ளாத சின்ன விளையாட்டு ஒன்றுக்கு ஒன்பது கொடுத்தான். தணிக்கையாளர் ஒவ்வொன்றையும் வரி விடாமல் படித்தார். ஒரு வரிக்கு அவருக்குச் சிரிப்புகூட வந்தது. மனைவி பார்ப்பதற்குள் அடக்கிக்கொண்டு, ஆறு எங்கே, ஒன்று எங்கே என்று எழுதினார். மகள் மட்டும் ஒவ்வோர் இதழும் வந்த அன்று, "இன்னும் எத்தனைப்பா பாக்கி?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஒரு நாள் தொலைபேசி மணி அடித்தது. பத்திரிகையின் முதலாளியே பேசினார்.

"ஐயா, உங்க ஆட்சேபம் எல்லாத்தையும் படிச்சேன். கண்ணைத் திறந்துட்டீங்க. நாலு போட்டா விளம்பரம் குடுக்கறவங்க முகத்தைத் தூக்கி வெச்சுக்கறாங்க. நானும் எப்படி நிறுத்தறதுன்னு காரணம் தேடிக்கிட்டிருந்தேன். வாசகர் கோரிக்கைன்னு சொல்லி அந்த ஆளை நேத்து அனுப்பிட்டேன்."

முப்பது வருடப் பணியில் அவருடைய ஆட்சேபத்துக்கு இவ்வளவு விரைவாக நிவாரணம் கிடைத்ததில்லை. அன்று இரவு அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டு அறிவித்தார்: "மூன்றாம் உயிர் நீக்கப்பட்டார்."

மகள் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "தெரியும்பா. அவர்தான் மூன்றாம் உயிர்."

மனைவி கையில் கரண்டி அப்படியே நின்றது.

"அவர் ஏழுன்னா ஏழுதான்பா. யார் சொன்னாலும் எட்டாக்க மாட்டார். அதுக்காகத்தான் ஜனங்க சந்தா கட்டினாங்க."

தணிக்கையாளர் நீண்ட நேரம் யோசித்தார். மனிதர் கலங்கிவிட்டார் என்று செயலாளர்கூட நினைத்தார். கடைசியில் வாய் திறந்தார்:

"அப்போ பையன் இப்ப வேலையில இல்லை. வேலை இல்லாதவருக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறது?"

"வேலையைப் பறிச்சதே நீங்கதானேங்க!" என்றாள் மனைவி.

"யார் பறிச்சாங்கங்கறது வேற கோப்பு. வேலை இல்லைங்கறது இந்தக் கோப்பு."

மகள் எழுந்து கை கழுவப் போனாள். "என் சம்பளம் இருக்கு. அவருக்குக் கண்ணு இருக்கு. போதும்" என்று அங்கிருந்து ஒரு குரல் வந்தது. குழுவின் பதிவுகளில் அது சேர்க்கப்படவில்லை.

அடுத்த வாரமே காலியான இடம் தணிக்கையாளரைத் தேடி வந்தது. 'இவ்வளவு நுணுக்கமாகப் படிக்கும் தாங்களே மதிப்புரை எழுதித் தர வேண்டும்' என்று முதலாளி கேட்டுக்கொண்டார். பொதுநலம் கருதி அவர் இசைந்தார். விளையாடத் தெரியாது என்பது ஒரு தடையாகவே தோன்றவில்லை. தண்ணீர்க் குழாய் பொருத்தத் தெரிந்தா வாரியத்தைத் தணிக்கை செய்தார்? முதல் விளையாட்டுக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தார். இரண்டாவதற்கும் பத்து. மூன்றாவதற்கு உறையைப் பிரிக்காமலே பத்து. மீதி இல்லை, ஆகவே விளக்கமும் தேவையில்லை. பத்திரிகை வரலாற்றில் முதல்முறையாகக் கணக்கு நேரானது. விளம்பரங்கள் குவிந்தன. வாசகர்கள் ஒவ்வொருவராகச் சந்தாவை நிறுத்திக்கொண்டார்கள். அது வேறு கோப்பு.

கடைசி இதழும் வந்து, ஆண்டு நிறைந்தது. அறிக்கையைத் தாக்கல் செய்வதற்காகத் தணிக்கையாளர் விடுப்பு எடுத்தார். காலையில் குளித்து, மேஜைத் துணியை நேராக்கி, அறிக்கையை நடுவில் வைத்து, "குழு கூடலாம்!" என்று குரல் கொடுத்தார்.

யாரும் வரவில்லை. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மாடியில் செருப்பு இல்லை. தொலைபேசி அடித்தது.

"அப்பா, நாங்க பதிவாளர் ஆபீஸ்ல இருக்கோம். அம்மா ஒரு சாட்சி, மாமா ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி வேணுமாம். வாங்கப்பா."

"அறிக்கை இன்னும் தாக்கலே ஆகலையேம்மா."

"என்ன எழுதியிருக்கீங்க?"

"சந்தா தகும்."

"அப்ப சம்பந்தமும் தகும்தானே? நீங்க சொன்னதுதானே?" அவள் குரலில் சட்டென்று ஒரு சின்னக் குழந்தை எட்டிப் பார்த்தது.

"அது அவர் அந்தப் பத்திரிகையில இருந்தபோது. இப்ப அவர் அதுல இல்லையே."

"இப்ப அதுல யாருப்பா இருக்கா?"

"நான்" என்றார் தணிக்கையாளர்.

மறுமுனையில் அவள் யாரிடமோ ஏதோ கேட்டாள். பிறகு, "சரிப்பா. எதிர்த்தாப்புல ஜெராக்ஸ் கடைக்காரர் கையெழுத்துப் போடறேங்கறார். நீங்க வேலையைப் பாருங்க" என்றாள்.

அவர் வேலையைப் பார்த்தார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், வீடியோ கேம் மாத இதழின் சந்தா பெரிதும் தகும் என்று எழுதி, பத்துக்குப் பத்து போட்டு, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார். நிமிர்ந்தபோது எதிரே மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. மீதி மூன்று எங்கே என்று ஒரு வருடமாகப் பத்திரிகையைக் குடைந்தவர், தம் வீட்டில் அதைக் கேட்கவில்லை. விடை தெரிந்த கேள்வியை எந்தத் தணிக்கையாளரும் எழுப்புவதில்லை.